ஆறு பேருக்கு மேஜை

என் மனைவி ஊசி போட்டுக்கொண்டால் அரை மணி நேரத்துக்குள் சாப்பாடு உள்ளே போயாக வேண்டும். ஒன்பது ஆண்டுகளாக எங்கள் வீட்டுக் கடிகாரம் இதற்காகத்தான் ஓடுகிறது. மந்தைவெளி வீட்டில் சமையலறையிலிருந்து சாப்பாட்டு மேஜைக்குப் பதினொரு எட்டு. வீட்டுக்குள் இருக்கும்வரை கவலையில்லை. வெளியே கிளம்பினால்தான் நிமிடங்களை எண்ணத் தொடங்குவேன்.

தியாகராய நகரில் ஒருமுறை அவள் மயங்கி விழுந்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை, புடவை எடுத்துவிட்டு வழக்கமாகப் போகும் சைவ உணவகத்துக்குப் போனோம். அடையாறில் ஒற்றைக் கடையாகத் தொடங்கி இப்போது ஊர் முழுக்கக் கிளை வைத்திருப்பவர்கள். அங்கே காத்திருப்போர் தாளில் எங்களுக்கு முன்னால் இருபத்திரண்டு பெயர்கள். கூட்டம் சீக்கிரம் நகரும் என்று நம்பி ஊசியை முன்பே போட்டுக்கொண்டு விட்டாள். நாற்பத்தைந்தாவது நிமிடம் நடைபாதையில் சரிந்தாள். யாரோ ஒருவர் வலிப்பு என்று நினைத்து அவள் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார். மூன்று பேர் கைப்பேசியில் படம் பிடித்தார்கள். மூன்று பேர்தான், எண்ணினேன். கண் விழித்ததும் அவள் முதலில் செய்தது முந்தானையைச் சரிசெய்துகொண்டதுதான். ஆட்டோவில் வீட்டுக்குத் திரும்பும்போது சொன்னாள்:

“இனிமே எனக்குச் சக்கரை இருக்குன்னு வெளியில ஒருத்தர்கிட்டயும் சொல்லக் கூடாது. ஐயோ பாவம்னு எல்லாரும் பார்த்தது போதும். சத்தியம் பண்ணுங்க.”

பண்ணினேன். அடுத்த வாரமே அந்த உணவகத்தில் உறுப்பினராகவும் சேர்ந்தேன். உறுப்பினருக்கு வாசலில் நிற்கும் வேலை இல்லை. எங்கிருந்தாலும் கைப்பேசிச் செயலியில் எத்தனை பேர் என்று போட்டால் வரிசையில் பெயர் ஏறிவிடும். பதினைந்து நிமிடத்தில் மேஜை தயார் என்று முன்கூட்டியே தகவல் வரும். தகவல் வந்த பிறகு ஊசி, பிறகு நடை, பிறகு சாப்பாடு. நோயைப் பற்றி யாரிடமும் வாயைத் திறக்க வேண்டாம். தி. நகர், அடையாறு, பெசன்ட் நகர் என்று மூன்று கிளைகளிலும் பதினேழு முறை சோதித்துப் பார்த்தாயிற்று. ஒருமுறைகூடப் பிசகவில்லை.

இந்தத் தெம்பில்தான் சென்ற கோடை விடுமுறையில் மகள் கூப்பிட்டபோது ஒப்புக்கொண்டேன். அவள் குடும்பம் பெருங்குடியில். மருமகனுக்கு அலுவலகத்தில் ஏதோ சலுகை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு தீம் பார்க், அதற்குள்ளேயே தங்கும் விடுதி, இரண்டு இரவு.

“எனக்கெதுக்கும்மா ராட்டினம்?” என்றேன்.

“ராட்டினத்துக்கா கூப்பிடறேன்? நீங்க வரலைன்னா அம்மாவும் வரமாட்டாங்க. பசங்களோட அம்மா ரெண்டு நாள் சேர்ந்தாப்ல இருந்து எவ்வளவு நாளாச்சு, சொல்லுங்க. அப்புறம், உங்க ஹோட்டல் கிளை அங்கயும் இருக்கு. பார்த்துட்டேன்.”

அந்தக் கடைசி வார்த்தைக்காகத்தான் கிளம்பினேன். நாங்கள் ஆறு பேர்: மகள், மருமகன், பேரன், பேத்தி, நாங்கள் இருவர்.

வாசலிலேயே முதல் அடி விழுந்தது. வெளிச் சாப்பாட்டுக்கு அனுமதி இல்லை என்று பையைச் சோதித்த பெண் இரண்டு பிஸ்கட் பொட்டலங்களையும் எடுத்து வைத்துக்கொண்டாள். மருந்துக்காக என்று ஒரு வார்த்தை சொன்னால் விட்டிருப்பாள். நான் மனைவியைப் பார்த்தேன். அவள் வேறு பக்கம் பார்த்தாள். மருந்துப் பையில் நான்கு மிட்டாய்கள் மிஞ்சின. அவற்றையும் மாலைக்குள் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டாள்.

ஆனாலும் முதல் நாள் மதியச் சாப்பாடு நன்றாகவே நடந்தது. மற்றவர்கள் விளையாட்டில் இருந்ததால் இரண்டு பேருக்கு என்று போட்டோம், சொன்ன நேரத்துக்கு ஆறு நிமிடம் தாமதமாக மேஜை கிடைத்தது. அந்த ஆறு நிமிடம் என்னை அரித்தது. முப்பத்தாறு ஆண்டுகள் ஈக்காட்டுத்தாங்கல் பட்டறை ஒன்றில் ஸ்டோர்ஸ் பார்த்தவன் நான். எது எத்தனை இருக்கிறது, எவ்வளவு வேகத்தில் குறைகிறது என்று பார்க்காமல் என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியாது. சாப்பிட்டபடியே எண்ணினேன். இருவர் மேஜை நான்கே நான்கு. அவற்றில் உட்கார்ந்திருந்த இளம் ஜோடிகள் காலித் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டே இருந்தார்கள். அறுவர் மேஜை பதினொன்று. பிள்ளைகள் அடுத்த விளையாட்டுக்குப் போகலாம் என்று கையைப் பிடித்து இழுப்பதால் குடும்பங்கள் இருபத்தைந்து நிமிடத்தில் எழுந்துவிட்டன.

கணக்கு தெளிவாக இருந்தது. மறுநாள் காலை மகளிடம் சொன்னேன்: “இன்னைக்கு ஆறு பேருக்குப் போடறேன். எல்லாரும் ஒரு மணிக்கு வந்துடுங்க.”

“வேணாம்ப்பா. ரெண்டே போடுங்க. நாங்க அலைக்குளத்துல இருந்து எப்ப ஏறுவோம்னு எங்களுக்கே தெரியாது.”

“ஆறுன்னாத்தான் சீக்கிரம் கிடைக்கும். எண்ணிப் பார்த்துட்டுத்தான் சொல்றேன்.”

“சரிப்பா, சரிப்பா” என்றாள். அந்தச் ‘சரிப்பா’வுக்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் ஆறு என்றே போட்டேன்.

பன்னிரண்டு முப்பத்தைந்துக்குத் தகவல் வந்தது. மனைவி பெண்கள் கழிப்பறைக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டு பன்னிரண்டு நாற்பதுக்கு வெளியே வந்தாள். வெயில் தலையைப் பிளந்தது. உணவகத்துக்கு முந்நூற்று நாற்பது எட்டுகள், நடுவில் ஓர் இடத்தில் நின்று மூச்சு வாங்கினோம். சரியாக மேஜையும் காலியாகி இருந்தது. கண்ணாடிச் சுவர் வழியாகப் பார்த்தேன், துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

வாசலில் பெயர் பார்க்கும் பெண் கேட்டாள்: “மத்தவங்க எங்க சார்?”

“வந்துட்டிருக்காங்க. நாங்க முதல்ல உட்கார்ந்துடறோமே?”

“ஆறு பேர் மேஜைக்கு அஞ்சு பேராவது வந்திருக்கணும் சார். பத்து நிமிஷம் வெச்சிருப்போம்.”

“அப்படின்னா ரெண்டா மாத்திடும்மா.”

“மாத்தினா புதுசா பேர் ஏறும் சார். இப்ப நாற்பது நிமிஷம் காட்டுது.”

மூன்று மாநகரக் கிளைகளிலும் இந்த விதியை யாரும் எனக்குச் சொன்னதில்லை. அங்கெல்லாம் நாங்கள் இருவராகவே போயிருக்கிறோம். மகளை அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. குளத்தில் இறங்குபவர்கள் கைப்பேசியைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் இறங்க வேண்டும். ஒன்பது முறை அழைத்தேன்.

பழச்சாறு விற்கும் இடம் எதிரில் தெரிந்தது. அங்கே முதலில் ஒரு வரிசையில் நின்று கூப்பன் வாங்க வேண்டும், பிறகு இன்னொரு வரிசை. முதல் வரிசையில் மட்டும் இருபத்தேழு பேர். அவளைத் தனியாக விட்டுவிட்டுப் போக எனக்குத் துணிவில்லை.

பத்து நிமிடம் முடிந்தது. கெஞ்சி இன்னும் கால் மணி நேரம் வாங்கினேன். அங்கே உட்கார நாற்காலி இல்லை. மனைவி தூணில் சாய்ந்து நின்றாள். ஒரு மணி பத்துக்கு அவள் மேலுதட்டில் வியர்வை முத்து முத்தாக நின்றது. புடவைக் கொசுவத்தைத் திரும்பத் திரும்பச் சரிசெய்தாள். நான் கேட்டதற்குப் பதில் தாமதமாக வந்தது. இந்த மூன்றும் எனக்குத் தெரிந்த அடையாளங்கள்.

“சொல்லிடட்டுமா?” என்றேன் மெல்ல.

“வேணாம்.”

“சொன்னா உடனே உள்ள விடுவாங்க.”

“வேணாங்க. தரையில படுக்க வெச்சு விசிறுவாங்க.”

ஆறு என்று போட்டது நான். அவள் சொன்னதல்ல, மகளும் சொன்னதல்ல.

எங்களுக்குப் பின்னால், உறுப்பினர் அல்லாதவர்களின் வரிசையில் ஒரு குடும்பம் நின்றது. தாடியும் வெள்ளைத் தொப்பியும் வைத்த, நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க மனிதர், புர்கா அணிந்த அவர் மனைவி, பள்ளி முடிக்கிற வயதில் இரண்டு பெண்கள். ராயப்பேட்டையில் சோபா தைக்கும் கடை வைத்திருக்கிறார் என்பது பிறகு தெரிந்தது. அவர்தான் பேச்சைத் தொடங்கினார்.

“இன்னா பெரியவரே, மேஜை காலியா கீது, உள்ள போவாம நிக்கிறீங்க? நாங்க முக்கா மணி நேரமா நின்னுகினு கீறோம். இன்னும் எங்க பேரு வரல.”

“எங்க ஆளுங்க வரணும். குளத்துல இருக்காங்க.”

“குளத்துலயா? சரிதான். தண்ணில எறங்கினவன் நாம கூப்பிட்டா வருவானா நைனா? வெரலு சுருங்கினாத்தான் வருவான்.”

அவர் பெண்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. “நீங்க எத்தனை பேர்?” என்று கேட்டேன்.

“நாலு.”

நாலும் இரண்டும் ஆறு. என் வாழ்நாளில் இவ்வளவு நிம்மதி தந்த கூட்டல் வேறில்லை.

“எங்க மேஜைக்கு வந்துடறீங்களா? எங்களோட உட்காருங்க.”

அவர் தம் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் அதற்குள் என்னைத் தாண்டி என் மனைவியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். “போலாம். சட்டுனு வாங்க” என்றார்.

வாசல் பெண் எங்களை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தாள். “சார், மெம்பர் மேஜை ஃபேமிலிக்கு மட்டும்தான். இவங்க உங்க ஃபேமிலியா?”

நான் வாயைத் திறந்தேன். பொய் வரவில்லை. முப்பத்தாறு ஆண்டு ஸ்டோர்ஸ் வேலையில் ஒரு வாஷர்கூடக் கூட்டிச் சொன்னவனில்லை. தூணிலிருந்து விலகி என் மனைவி முன்னால் வந்தாள்.

“என் தம்பிம்மா. முகத்தைப் பார்த்தாலே தெரியலையா?”

வாசல் பெண் அவர் தாடியைப் பார்த்தாள், தொப்பியைப் பார்த்தாள், என் மனைவியின் குங்குமத்தைப் பார்த்தாள்.

“அக்காதான் சொல்றாங்கல்ல?” என்றார் அவர். “ஜாடை அப்படியே எங்கம்மா மாதிரி. நடங்க, நடங்க.”

அவள் சிரித்துவிட்டாள். “வாங்க” என்று கதவைத் திறந்தாள்.

உட்கார்ந்ததும் நான் பரிமாறுபவரைத் தேடினேன். எல்லோரும் தூரத்தில் இருந்தார்கள். மனைவி தண்ணீர்த் தம்ளரைத் தூக்கப் பார்த்தாள், விரல்கள் பிடிக்கவில்லை. எதிரில் இருந்த அம்மாள் எழுந்து பக்கத்து மேஜையிலிருந்த காபிச் சர்க்கரைக் காகிதங்களை எடுத்து வந்தார். மூன்றைக் கிழித்துத் தம்ளரில் கொட்டி, கரண்டிக் காம்பால் கலக்கி, அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தம்ளரைத் தாமே பிடித்துக்கொண்டு குடிக்க வைத்தார். பெண்கள் இருவரையும், “அங்க பாருங்க, அந்த ராட்டினம் எவ்வளவு உயரம்” என்று திருப்பிவிட்டார். கடிகாரத்தைப் பார்த்தேன். ஊசி போட்ட நாற்பத்திரண்டாவது நிமிடம்.

“எங்கம்மா பத்து வருஷம் ஊசி போட்டுக்கிட்டாங்க” என்றார் அந்த அம்மாள் தாழ்ந்த குரலில். “வாசல்லயே எனக்குப் புரிஞ்சுபோச்சு.”

சாம்பார் சாதம் வரும்போது மனைவியின் உதடுகளுக்கு நிறம் திரும்பியிருந்தது. நான் பயந்தது போல அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. ஐந்தாறு வாய் சாப்பிட்டபின் அவளே அந்த அம்மாளிடம் கேட்டாள்: “உங்க அம்மா எத்தனை யூனிட் போட்டுக்கிட்டாங்க?”

“காலையில இருபது, ராத்திரி பன்னெண்டு.”

“எனக்குக் காலையில பதினாறு, மத்தியானம் பத்து. காலு எரியுமா அவங்களுக்கு?”

“ஐயோ, ராத்திரியெல்லாம்! ஈரத்துணி சுத்திக்குவாங்க.”

“நானும் அதேதான்.”

என்னிடம்கூடக் கால் எரிவதைப் பற்றி அவள் இவ்வளவு பேசியதில்லை. சத்தமாகவே பேசினாள். அடுத்த மேஜைக்காரர்கள் காதில் விழுந்திருக்கும். நான் ஊறுகாயைப் பார்த்தபடி சாப்பிட்டேன். முழங்காலிரண்டும் வலித்தன, கழுத்து வலித்தது. ஒரு நாளில் என்னால் தாங்க முடிந்தது தீர்ந்துவிட்டது போல இருந்தது.

ஒன்று முப்பத்தெட்டுக்கு மகள் வந்தாள். தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. வாசலில் ஏதோ சொல்லிவிட்டு உள்ளே வந்தவள் எங்கள் மேஜையருகே நின்றுவிட்டாள்.

“அப்பா, யாருப்பா இவங்க?”

“உன் மாமா” என்றாள் என் மனைவி.

சோபாக்கடைக்காரர் பாதித் தட்டோடு எழப் பார்த்தார். “உட்காரும்மா நீ. நாங்க ஆச்சு.”

“நீங்க உட்காருங்க தம்பி. பாதிச் சாப்பாட்டுல எழுந்திருக்காதீங்க” என்றாள் மனைவி.

மகள் என் பக்கம் குனிந்தாள். “நீங்கதானேப்பா ஆறு பேருக்குப் போட்டீங்க? பசங்க பசி பசின்னு கத்துறாங்க. இப்ப புதுசாப் பேர் கொடுத்தா ஐம்பது நிமிஷமாம்!”

“மணி ஒண்ணு முப்பத்தெட்டு” என்றேன். ஆறு என்று போட்டது தப்பு என்றும் சொல்லியிருக்கலாம். அவள் சொன்னபடி இரண்டு போட்டிருந்தால் ஆறு நிமிடத் தாமதத்தோடு போயிருக்கும். சொல்லவில்லை.

அவள் அப்போதுதான் காலித் தம்ளரையும் கிழிந்த சர்க்கரைக் காகிதங்களையும் பார்த்தாள். முகம் மாறியது. அம்மாவின் நெற்றியில் ஈரக் கையை வைத்தாள். “என்னம்மா ஆச்சு?”

“ஒண்ணும் ஆகல. போய்ப் பேர் கொடுத்துட்டு வெளியில உட்காரு. நான் இன்னும் முடிக்கல.”

மகள் போனாள். சோபாக்கடைக்காரர் குடும்பம் சாப்பிட்டு முடித்தது. அந்த அம்மாள் விடைபெறும்போது என் மனைவியின் தோளைத் தொட்டு, மிச்சமிருந்த இரண்டு சர்க்கரைக் காகிதங்களை அவள் பைக்குள் போட்டார். நால்வரும் கண்ணாடிக் கதவைத் தாண்டி வெயிலில் நடந்தார்கள். பெயர் கேட்டுக்கொள்ளவில்லை. அவர்களும் கேட்கவில்லை.

அறுவர் மேஜையில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். கண்ணாடிக்கு வெளியே நான்கு ஈரத் தலைகள் வரிசையாக எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன. நான்கு காலி இடங்களுக்கு அவர்களை உள்ளே அழைத்துக்கொள்ளலாமா என்று வாசல் பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்டேன். புதிதாகப் பெயர் கொடுத்தாயிற்று, இனி முடியாது என்று சொல்லிவிட்டாள். நாங்கள் எழுந்தால் வரிசை ஓர் இடமாவது நகரும். பேரன் கண்ணாடியில் மூக்கை அழுத்தினான். மகள் மணிக்கட்டைத் தட்டிக் காட்டி, இன்னும் எவ்வளவு நேரம் என்று கேட்டாள்.

என் மனைவி யாரையும் பார்க்கவில்லை. அப்பளத்தைச் சிறிய துண்டுகளாக உடைத்து, ஒவ்வொன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

“இன்னும் கொஞ்சம் தயிர் சாதம் கிடைக்குமான்னு கேளுங்க” என்றாள்.

கையை உயர்த்திப் பரிமாறுபவரைக் கூப்பிட்டேன்.