ஒரு ஊருக்கே ஒரு போன் நம்பர்

இ-சேவை மையம் நடத்துவது கோயில் வாசலில் செருப்புக்குக் காவல் இருக்கிற மாதிரி. உள்ளே சாமி வரம் கொடுக்காவிட்டாலும் வெளியே வருகிறவர்கள் நம்மைத்தான் முறைப்பார்கள்.

சாதிச் சான்று, வருமானச் சான்று, ரேஷன் அட்டையில் பேர் சேர்ப்பது என்று அரசாங்கத்திடம் எதைக் கேட்டாலும் இப்போது கம்ப்யூட்டர் வழியாகத்தான் கேட்க வேண்டும். கேட்பதை ஏற்றி அனுப்புவது என் வேலை. கொடுப்பது என் வேலை இல்லை. இந்த வித்தியாசத்தைப் பல வருஷமாகச் சொல்கிறேன், என் வீட்டுக்காரரே இன்னும் நம்பவில்லை. பிறந்தது நைனார்பாளையம், வாக்கப்பட்டது கச்சிராயபாளையம், பிழைப்பு மலைமேல் கரியாலூரில். நீங்களும் என்றைக்காவது ஒரு நாள் வேலையைக் கெடுத்துக்கொண்டு வரிசையில் நின்று, "சர்வர் வேலை செய்யல, நாளைக்கு வாங்க" என்று கேட்டுவிட்டுத் திரும்பியிருப்பீர்கள். அதைச் சொன்னவள் நான், இல்லாவிட்டால் என்னைப் போல ஒருத்தி. திட்டினது போதும், என் புலம்பலையும் கொஞ்சம் கேளுங்கள்.

ரோட்டில் போன ரேகை

கரியாலூருக்கு மேலே காட்டுப் பாதையில் ஒரு சின்ன ஊர். பேர் வேண்டாம். எழுதினால் விசாரணை என்று யாராவது போய் இறங்குவார்கள், அவர்களுக்கு நாட்டுக்கோழி அடித்துப் போடும் வேலையும் அந்த ஜனங்கள் தலையில் விழும். அந்த ஊர்க்காரர் சடையன். மரவள்ளியும் சாமையும் போடுகிறவர். ரேஷன் அட்டையில் இருக்கிற ஒவ்வொருவரும் கைரேகை வைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தபோது, கடை மெஷின் அவர் விரலை எடுக்கவில்லை என்று என்னிடம் அனுப்பியிருந்தார்கள்.

கட்டை விரலை வைத்தார். சிவப்பு விளக்கு. ஆள்காட்டி விரல். மறுபடி சிவப்பு. எங்கள் தொழிலில் இதற்குக் கைவைத்தியம் உண்டு. சோப்புப் போட்டுக் கழுவச் சொல்வோம், தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைக்கச் சொல்வோம், தலைமுடியில் தேய்த்துவிட்டு வைக்கச் சொல்வோம். எல்லாம் செய்து பார்த்தாயிற்று. பத்து விரலுக்கும் 'பொருந்தவில்லை' என்றே வந்தது. "ரேகை தேஞ்சு போச்சுங்க" என்றேன், ஏதோ அவர் பத்திரமாக வைத்துக்கொள்ளாத மாதிரி. கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அவர் சொன்னது: "நீ தெனம் பஸ்ல வர்றியே, அந்த ரோட்டுக்கு ஜல்லி ஒடச்சு ஒடச்சுத்தாம்மா இந்த ரேகை போச்சு. கவுருமெண்டு ரோடுதான அது? அங்க போயித் தேடச் சொல்லு."

பன்றிக்குத் தெரிந்த நிலம்

விவசாயிகளுக்குத் தனி எண் கொடுக்கிறோம், பதிவு செய்யுங்கள் என்று அறிவிப்பு வந்தது. சடையனும் வந்தார். பட்டா எண்ணைப் போட்டால்தான் அடுத்த பக்கம் திறக்கும். அவரிடம் இருந்ததோ வன உரிமைச் சட்டத்தில் கொடுத்த பத்திரம். அசல், முத்திரையோடு. 'இந்த நிலம் உன்னுடையது' என்று சட்டம் சொல்கிறது. கம்ப்யூட்டரில் அதற்கு ஒரு கட்டம் இல்லை. சட்டத்தை எழுதினவரும் இந்தப் பக்கத்தை எழுதினவரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்ததே இல்லை போலிருக்கிறது. நிலம் எங்கே இருக்கிறது என்று நானும் பட்டியலில் மேலும் கீழுமாகத் தேடிக்கொண்டிருந்தேன். சடையன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "காட்டுப்பன்னி நேரா எங்க கொல்லைக்குத்தான் வருது. பன்னிக்கே தெரியுது இது சடையன் கொல்லைன்னு. உம் பொட்டிக்குத் தெரியலியா?"

கையில் எழுதி வந்த சேதி

ரேகை எடுக்காதவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. ஆதாரில் பதிந்த போன் நம்பருக்கு ஓடிபி என்று ஆறு இலக்க எண் வரும், அதைச் சொன்னால் போதும். ரேஷன் அட்டை வேலைக்காகச் சடையனிடம் நம்பர் கேட்டேன். சொன்னார். அடுத்து அவர் அண்ணன். அதே நம்பர். அண்ணி. அதே நம்பர். விசாரித்தால், அந்த ஊர் மொத்தத்துக்கும் அந்த ஒரே நம்பர்தான்.

நடந்தது இதுதான். முன்னொரு காலத்தில் ஆதார் முகாம் போட்டபோது அந்த ஊரில் யாரிடமும் போன் இல்லை. உப்பு வாங்குவதில் இருந்து பிரசவத்துக்குக் கீழே இறக்குவது வரைக்கும் அங்கே எல்லாம் ஜீப் ஓட்டுகிற மாணிக்கம்தான். யாருக்குச் சேதி என்றாலும் மாணிக்கத்திடம் சொல்லிவிடுவார்கள், அவர் சாயங்காலம் கொண்டுவந்து சேர்த்துவிடுவார். அந்த வழக்கப்படி எல்லோரும் அவர் நம்பரையே கொடுத்துவிட்டார்கள். அவர்கள் நினைப்பில் அது தப்பே இல்லை.

ஓடிபிக்கு ஆயுசு பத்து நிமிஷம். இதை மாணிக்கத்துக்கு யாரும் சொல்லவில்லை, என்னையும் சேர்த்துத்தான். கள்ளக்குறிச்சியில் நின்றுகொண்டிருந்தவருக்கு மத்தியானம் வரிசையாக ஆறு பேருடைய எண் வந்திருக்கிறது. போன் பண்ணிச் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை. சேதி என்றால் கொண்டுபோய்க் கொடுப்பதுதானே. பேனாவால் முழங்கை வரைக்கும் எழுதிக்கொண்டு, வேர்வையில் அழியக் கூடாது என்று வளைவு வளைவாக ஒற்றைக் கையால் ஜீப்பை ஓட்டி வந்து என் முன்னால் கையை நீட்டினார். ஒன்றுகூடச் செல்லவில்லை. மனுஷன் முகம் சுண்டிப்போயிற்று. "ஒரு நம்பர்கூட மாறாம தான கொண்டாந்தேன்? வழியில கெட்டுப்போறதுக்கு இது இன்னா தக்காளியா?"

மறு வாரம் மாணிக்கத்தை மையத்து வாசலிலேயே உட்கார வைத்து அந்த வேலையை முடித்தோம்.

பழைய அட்டை

இந்த வருஷம் சடையன் மகள் சத்யா பிளஸ் டூ முடித்தாள். அந்த ஊரில் பிளஸ் டூ தாண்டிய முதல் பெண். அவளுடைய சித்தி பிரசவத்துக்கு இறங்கும்போது ஜீப்பிலேயே செத்துப்போனவள். பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டிருந்தது சத்யா. அதனால் நர்சிங், அதை விட்டால் வேறு எதுவும் வேண்டாம் என்றிருந்தாள். அரசுக் கல்லூரிக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்கக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி. சாதிச் சான்றையும் சேர்த்து ஏற்றினால்தான் விண்ணப்பம் போகும்.

திங்கட்கிழமை காலையில் அப்பாவும் மகளும் வந்தார்கள். சான்று கையிலேயே இருந்தது. பச்சை மையில் கையெழுத்து, வட்ட முத்திரை, ஒரு குறையும் இல்லை. ஆனால் கையால் எழுதின பழைய அட்டையை இப்போது எடுத்துக்கொள்வதில்லை. க்யூஆர் கோடு போட்ட ஆன்லைன் சான்றுதான் வேண்டும். புதிதாக விண்ணப்பிக்க வேண்டும் என்றேன். சடையன் அட்டையைத் துடைத்து மகளிடம் கொடுத்துவிட்டுக் கேட்டார்: "அட்டை பழசாப் போச்சு, சரி. நாங்க அதே ஜனம்தான கீறோம்?"

தூத்துக்குடியில் எடுத்த போன்

புதுச் சான்றுக்கு விண்ணப்பிக்கவும் ஓடிபி வேண்டும். சத்யாவின் ஆதாரிலும் மாணிக்கம் நம்பர்தான். அவர் வாசலிலேயே நின்றார். ஓடிபி அனுப்பினேன். அவர் போன் சத்தமே போடவில்லை. அப்புறம் மெதுவாகச் சொன்னார். ரீசார்ஜ் விலை ஏறிக்கொண்டே போனதால் அந்த சிம்மை விட்டுப் பல மாசம் ஆகிறது, இப்போது வேறு நம்பர். ஒரு ஊரின் அடையாளமே அந்த சிம்மில் இருந்தது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அந்தப் பழைய நம்பருக்கு நானே அடித்தேன். மணி அடித்தது. எடுத்தது தூத்துக்குடிப் பக்கம் ஒரு பெண். கம்பெனிக்காரன் அந்த நம்பரை அவளுக்குக் கொடுத்துவிட்டான். விஷயத்தைச் சொல்லி, வந்திருக்கிற எண்ணைக் கேட்டேன். கேட்கும்போதே எனக்கு நாக்கு கூசியது. ஓடிபியை யாருக்கும் சொல்லாதீர்கள் என்று ஊரெல்லாம் எச்சரிக்கிறார்கள். அதே ஓடிபி இல்லாமல் ஒரு காகிதம் நகராது என்றும் வைத்திருக்கிறார்கள். அவள் சொன்னதில் என்ன தப்பு? "இப்பிடித்தான் ஒரு அக்கா பேசி எங்க அம்மா பேங்க்ல இருந்ததெல்லாம் போச்சு. பொம்பளப்புள்ள படிப்புக்குன்னுதான் அவளும் சொன்னா. வைங்க போனை."

வளர்ந்த விரல்

செவ்வாய்க்கிழமை மையத்தைப் பூட்டிவிட்டு நானே அப்பாவையும் மகளையும் கள்ளக்குறிச்சிக்குக் கூட்டிப்போனேன், ஆதாரில் நம்பரை மாற்ற. காலை ஏழு மணிக்கே டோக்கன் முடிந்துவிட்டது. கெஞ்சிக் கூத்தாடி மத்தியானம் உள்ளே போனால் அங்கே வேறு வில்லங்கம். முகாமில் ரேகை எடுத்தபோது சத்யாவுக்கு ஏழு வயசு. பதினைந்தில் மறுபடி ரேகை வைத்துப் புதுப்பித்திருக்க வேண்டும். அந்த மலையில் இதை யாரும் யாருக்கும் சொல்லவில்லை. இப்போது ரேகை, கண், நம்பர் எல்லாம் புதிதாக எடுத்தார்கள். ஏற ஒரு வாரம் ஆகலாம் என்றார்கள். வெள்ளிக்கிழமை கடைசி நாள் என்று நான் கத்தினேன். ஆமாம், கத்தத்தான் செய்தேன். கவுண்டரில் இருந்தவர் நிமிராமலே பதில் சொன்னார்: "வெரல் வளந்துச்சுன்னா பாப்பாதான் முன்னாடியே வந்து சொல்லியிருக்கணும் மேடம். எங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

முகம் பார்த்தவள்

புதன்கிழமை எனக்கு வேறு வழி தெரியவில்லை. தூத்துக்குடிப் பெண்ணுக்கு மறுபடி அடித்தேன், இந்தத் தடவை வீடியோவில். எடுத்தாள். நான் பேசவில்லை, போனைச் சத்யா கையில் கொடுத்துவிட்டேன். சத்யா மார்க் ஷீட்டைக் காட்டினாள். பழைய அட்டையைக் காட்டினாள். அப்பாவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்தினாள். அவர் என்ன செய்வது என்று தெரியாமல் போனைப் பார்த்துக் கும்பிட்டார். சித்தி கதையையும் சொன்னாள். அழவில்லை, மனப்பாடப் பாட்டு மாதிரி ஒப்பித்தாள். அதைக் கேட்டு எனக்குத்தான் அழுகை வந்தது.

நான் செய்தது விதிக்கு விரோதம். தெரிந்தேதான் செய்தேன். பிறகு அந்தப் பெண் சொன்னாள்: "மூஞ்சியப் பாத்தாத் தெரியுதுக்கா, பொய் சொல்லுத புள்ள இல்ல. அனுப்புங்க, வந்ததும் சொல்லுதேன், எழுதிக்கிடுங்க."

சரியாக ஐந்து மணி

சான்றுக்கான விண்ணப்பம் ஏறிவிட்டது. கிராம நிர்வாக அலுவலர் நல்ல மனுஷன். அன்றைக்கே வண்டியில் அந்த ஊருக்குப் போய் விசாரித்து அனுப்பிவிட்டார். அடுத்த மேசை வியாழக்கிழமை தாண்டியது. கடைசிக் கையெழுத்துப் போட வேண்டிய மேலதிகாரி இரண்டு நாள் கூட்டத்துக்குப் போயிருந்தார். இப்போது கையெழுத்து என்பது பேனாவால் இல்லை, பென்டிரைவ் மாதிரி ஒரு சாவியைக் கம்ப்யூட்டரில் செருகினால்தான் விழும். ஆன்லைன் வந்தால் எங்கே இருந்தும் வேலை நடக்கும் என்றார்கள். அந்தச் சாவியோ அவர் மேசை டிராயரில், டிராயர் பூட்டில்.

வெள்ளிக்கிழமை காலையில் இருந்து மூன்று பேரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். நான் போட்ட போனுக்கெல்லாம் "சார் வந்ததும் சொல்றோம்" என்றார்கள். நாலரை. நாலே முக்கால். சத்யா தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஐந்தானதும் கல்லூரிப் பக்கத்தில் 'விண்ணப்பிக்கும் காலம் முடிந்தது' என்று சிவப்பு எழுத்து வந்தது. ஒரு நிமிஷம் முன்னே பின்னே இல்லை. சத்யா மார்க் ஷீட்டையும் அட்டையையும் பிளாஸ்டிக் கவரில் போட்டு மடித்தாள். எனக்கு அந்த மானிட்டரைத் தூக்கி ரோட்டில் போட்டு உடைக்க வேண்டும் போல இருந்தது. சடையன் சுவர்க் கடிகாரத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். "அஞ்சுன்னா அஞ்சுக்கே மூடிட்டாங்களா? இத்தினி நாள்ல அவங்க நேரத்துக்குச் செஞ்ச வேலை இது ஒண்ணுதாம்மா."

சனிக்கிழமை

மறுநாள் காலை பத்தேகாலுக்குச் சான்று வந்துவிட்டது. க்யூஆர் கோடு எல்லாம் பளிச்சென்று இருந்தது. ஆயுசு முழுக்கச் செல்லும். அந்த நேரம் சத்யா அப்பாவோடு மரவள்ளி பிடுங்கப் போயிருந்தாள்.

எனக்குத் தெரிவதற்கு முன்னாலேயே இன்னொருத்திக்குத் தெரிந்துவிட்டது, ஏனென்றால் சேதி போனதும் அந்தப் பழைய நம்பருக்குத்தான். என் போன் அடித்தது. அவளுடைய குரலில் அவ்வளவு சந்தோஷம். "அக்கா, சான்று ஓகே ஆயிட்டுன்னு எனக்கு மெசேஜ் வந்திருக்கு! சத்யா காலேஜ்ல சேந்துட்டாளா?"

மேலே இருந்து கீழே வரைக்கும் யாரைக் கேட்டாலும் எல்லாம் விதிப்படிதான் நடந்தது என்கிறார்கள், அது உண்மைதான். இந்த முழு விவகாரத்திலும் விதியை மீறினவர்கள் நானும் அந்தத் தூத்துக்குடிப் பெண்ணும் மட்டும்தான்.