மூன்றாவது குழியில் முதல் அடி

கோல்ஃப் மட்டையைக் கையால் தொடுவதற்கு முன்பே, கோல்ஃப் கற்றுத்தரும் வாழ்க்கைப் பாடங்களைப் பற்றி நான் ஒரு கட்டுரை எழுதி, அது அச்சிலும் வந்துவிட்டது. காரைக்குடியில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு, 'தன் தவறைத் தானே முன்வந்து சொல்லிக்கொள்ளும் ஆட்டம் இது. இங்கே ஆட்டக்காரனே தனக்கு நடுவர்' என்று கூச்சமில்லாமல் எழுதினேன். ஸ்காட்லாந்தின் கடலோர மேடுகளில் ஆடு மேய்ந்த புல்தரை, காற்றுக்கு ஒதுங்கிப் படுத்துப் படுத்து அவை உண்டாக்கிய மணல் பள்ளம், இறகு அடைத்துத் தைத்த தோல் பந்து என்று எல்லாவற்றையும் பக்கத்தில் நின்று பார்த்தவன் போல வர்ணித்தேன். வில் பயிற்சியை விட்டுவிட்டு ஆட்கள் இந்தப் பக்கம் போகிறார்கள் என்று அந்த நாட்டு அரசர்கள் ஆட்டத்துக்கே தடை போட்டதை ஒரு வேடிக்கையாகச் சொல்லியிருந்தேன். இன்று கேட்டால், நான் அரசர்கள் கட்சி.

கட்டுரை வந்த அன்றே குடும்ப வாட்ஸப் குழுவில் என் சகலை ஒரு குரல் பதிவு போட்டார். "அண்ணே, நல்லா எழுதிருக்கீக. ஆனா மட்டயப் புடிச்சவுக எழுதுன மாதிரி இல்ல."

சகலை என்றால் என் மனைவியின் தங்கை கணவர். மலேசியாவில் எண்ணெய்ப்பனைத் தோட்டமொன்றில் மேலாளராக இருந்துவிட்டு, ஒரு பை நிறைய மட்டைகளோடும் வாய் நிறைய உபதேசங்களோடும் திரும்பி வந்தவர். மழை பொய்த்தால் பொறுமை வேண்டும் என்பார், அதற்குக் கோல்ஃபில் ஓர் உதாரணம் வைத்திருப்பார். சாம்பாரில் உப்புக் கூடினால் நிதானம், அதற்கும் ஒன்று. ஒரு முறை துக்க வீட்டில், பாடைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "போன அடிய நெனச்சுக்கிட்டு இருக்கக் கூடாதுண்ணே, அடுத்த அடியப் பாக்கணும்" என்று என் காதில் சொன்னார். இறந்தவருக்கு அடுத்த அடி எங்கே என்று கேட்க நினைத்து அடக்கிக்கொண்டேன். இப்போது யோசித்தால், கேட்டிருக்க வேண்டும்.

மானகிரியில் எங்கள் மாமனார் விட்டுப்போன பொட்டல் ஒன்று, அக்காள் தங்கை இருவருக்கும் பொதுவில் கிடந்தது. சகலை அங்கே சீமைக்கருவேலத்தை வெட்டி எறிந்து, செம்மண்ணை உருளை போட்டு இறுக்கி, பிளாஸ்டிக் குழாய்த் துண்டுகளைப் புதைத்து மூன்று குழிகள் அமைத்துவிட்டார். புல் பேருக்கும் கிடையாது. குழிக்குக் குழி ஒரு கம்பு, கம்பில் கொடியாகப் பழைய துண்டு. விளையாட ஒருவரும் வரவில்லை.

என் மனைவிக்கோ வேறு கனவு. பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அதில் தன் பங்கில் கொய்யாவும் எலுமிச்சையும் வைக்க வேண்டும். அதற்குத் தண்ணீர் வேண்டும். மாமனார் காலத்தில் அந்தப் பொட்டலில் போட்ட போர்கள் எல்லாம் புழுதிதான் கக்கின. இந்த முறை நீரோட்டம் பார்ப்பவரை அழைத்துவந்தாள். அவர் தேங்காயை உள்ளங்கையில் படுக்கவைத்துக்கொண்டு நிலம் முழுக்க நடந்தார். கிழக்கு மூலையில் தேங்காய் எழுந்து நின்றது. மிகச் சரியாக அந்த இடத்தில்தான் மூன்றாவது குழி.

கொழுந்தியாள் தொலைபேசியில் வழி சொன்னாள். "அக்கா, அவுகளுக்கு ஆட ஆள் கெடைக்காம மூஞ்சி தொங்கிப்போச்சு. அத்தான ஒரு ஞாயித்துக்கெழம அனுப்பி வைய்யி. ஆடி முடிச்சு மனசு குளுந்து இருக்கையில நான் கேட்டு வாங்கிருவேன், கெழக்கு மூலைய."

மனைவி எனக்கு விளக்கினாள். "பெருசா ஒன்னும் செய்ய வேணாம். போங்க, ஆடுங்க, தோத்துட்டு வாங்க. எடம் பிரமாதம்னு ரெண்டு வார்த்த சொல்லுங்க. வாயத் தொறந்து வேற எதுவும் சொல்லிராதீக."

இதைவிட எளிதான வேலையை எனக்கு யாரும் கொடுத்ததில்லை. தோற்பதில் எனக்கு நீண்ட அனுபவம் உண்டு.

போனோம். சகோதரிகள் இருவரும் வேப்பமர நிழலில் பாயை விரித்து, இட்லித் தூக்கைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். சகலை வெள்ளைத் தொப்பி, வெள்ளைக் கையுறை, கட்டம் போட்ட கால்சட்டை. நான் வேட்டியை மடித்துக் கட்டியிருந்தேன். அவர் குனிந்து ஈர மணலை ஒரு சிட்டிகை கிள்ளிக் குவித்து, அதன் தலையில் பந்தை வைத்தார். அந்தக் காலத்தில் அப்படித்தான் வைப்பார்கள் என்றார். என் கட்டுரையின் இரண்டாவது பத்தியில் இருந்ததை எனக்கே சொன்னார்.

"அண்ணனுக்குக் குழிக்கு ரெண்டு அடி சலுக. வயசாச்சுல்ல."

எனக்கும் அவருக்கும் இரண்டே வயது வித்தியாசம். திறமை குறைந்தவருக்கு அடியில் சலுகை தருவது ஆட்டத்தின் பழைய மரபுதான். சமமில்லாதவர்களைச் சமமாக நிற்கவைக்கும் பெருந்தன்மை என்று நானே அதைப் புகழ்ந்திருக்கிறேன். அதை வாங்கிக்கொள்ளும் இடத்தில் நின்றால்தான் தெரிகிறது, அது எவ்வளவு அழகாகக் கட்டித் தரப்பட்ட செருப்படி என்று.

யார் முதலில் அடிப்பது என்பதும் அங்கே ஒரு மரியாதை. தொடக்கத்தில் திறமை கூடியவருக்கு, பிறகு முந்திய குழியை வென்றவருக்கு. அவர் தொடங்கினார். மூத்த மாப்பிள்ளை நான் நிற்கையில் இளையவர் முந்துவதா என்று உள்ளே ஒன்று கிளம்பியது. மரத்தடியிலிருந்து மனைவி பார்த்த பார்வையில் அது திரும்பப் படுத்துக்கொண்டது. முதல் குழியில் முறையாகத் தோற்றேன். நடுவே, "அண்ணே, அது மட்ட, தொரட்டி இல்ல" என்றார். சிரித்தேன். இடம் பிரமாதம் என்றும் சொன்னேன்.

இரண்டாவது குழியில்தான் கெட்டது. அவர் அடித்த பந்து ஓர் ஆட்டுக் குளம்புத் தடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. பந்து கிடக்கிற இடத்தில் கிடக்கிறபடியே ஆட வேண்டும் என்பது இந்த ஆட்டத்தின் வேதம். சகலை தொப்பியைச் சரிசெய்பவர் போல நின்று, பூட்ஸ் நுனியால் பந்தை மெல்ல வெளியே தள்ளிவிட்டு அடித்தார்.

தன் தவறைத் தானே சொல்லும் ஆட்டம். நான் காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. அவருடைய தவறை நான் சொன்னேன்.

"தம்பி, கால் பட்டுச்சு."

"எங்குட்டுப் பட்டுச்சு?"

"பூட்ஸ் பட்டுச்சு. ரூல்படி இந்தக் குழி எனக்கு."

"ரூல் எனக்குச் சொல்றீகளா? வேட்டியக் கட்டிக்கிட்டு வந்தவுக பேசுற பேச்சா இது?"

"வேட்டிதான் தம்பி. ஆனா பந்த ஒதைக்கல."

"குழி உங்களுக்கேண்ணே! வச்சுக்கங்க! கும்புட்டு வச்சுக்கங்க!"

இந்த இடத்தில் நான் வாயை மூடியிருக்கலாம். மூன்றாவது குழியில் தோற்றுவிட்டு இட்லி சாப்பிட்டிருக்கலாம். ஆனால் குழி எனக்கு என்றால் அடுத்த முதல் அடியும் எனக்குத்தானே. நான் போய்ப் பந்தை வைத்தேன். அவரும் பக்கத்திலேயே தன் பந்தை வைத்தார்.

"சண்ட போட்டு வாங்குன குழிக்கெல்லாம் மரியாத கெடையாதுண்ணே. தள்ளுங்க."

"மொத அடி என்னுது."

"தள்ளுங்கங்கிறேன்."

எங்கள் ஊரில் கோயில் விபூதியை முதலில் வாங்குவது யார் என்று இரண்டு பங்காளிகள் மல்லுக்கு நின்றதில், சில வருடங்கள் திருவிழாவே நடக்கவில்லை. அவர்களைக் கிண்டல் செய்து ஒரு கட்டுரை எழுதி, பாராட்டும் வாங்கியிருக்கிறேன். அந்த இருவரும் கையில் மட்டை வைத்திருக்கவில்லை என்ற அளவில் எங்களைவிட நாகரிகமானவர்கள்.

"ஆடு ரெண்டும் முட்டிக்கிருச்சு" என்று கொழுந்தியாள் எழுந்து ஓடி வந்தாள். அவள் வந்து சேர்வதற்குள் நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் மட்டையை ஓங்கி வீசினோம். இரண்டும் வழியில் மோதிக்கொண்டன. முழங்கை வரைக்கும் விறுவிறுத்தது. பந்துகள் இரண்டும் வைத்த இடத்தில் அப்படியே இருந்தன.

சகலை தன் மட்டையைத் தடவிப் பார்த்தார். அதில் ஒரு கீறல். நிமிர்ந்தார்.

"எல்லாம் எனக்குத் தெரியும்ணே. எதுக்கு வந்தீகன்னு தெரியும். பாவம், அண்ணி ஆசப்படுறாகளேன்னு குடுத்துரலாமுனுதான் இருந்தேன். இனி எவுக வந்து கேட்டாலும் இந்தக் குழிய விடமாட்டேன். போரும் கெடையாது, கொய்யாவும் கெடையாது."

ஆட்டம் முடிந்ததும் தொப்பியைக் கழற்றிக் கைகுலுக்க வேண்டும் என்பது மரபு. அவர் தொப்பியைக் கழற்றவில்லை. என்னிடம் தொப்பியே இல்லை. என் மனைவி பாயை உதறினாள். மண்ணெல்லாம் என் பக்கமாகப் பறந்தது. காற்று எதிர்ப்பக்கம் அடித்தது என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

வீடு வந்து சேர்ந்ததும் அவள் நர்சரியில் சொல்லி வைத்திருந்த கொய்யாக் கன்றுகளை வேண்டாம் என்று போனில் சொன்னாள். அதை என் காதில் விழும்படி, நான் இருந்த அறையிலேயே நின்று சொன்னாள். கோல்ஃப் மனிதனின் குணத்தை வெளியே கொண்டுவரும் என்று எழுதியிருந்தேன். உண்மைதான். குப்பைத் தொட்டியைக் கவிழ்த்தாலும் உள்ளே இருப்பது வெளியே வரும். அதற்காக அதை யாரும் கல்வி என்று சொல்வதில்லை.

சில வாரம் கழித்துக் கொழுந்தியாளிடமிருந்து அழைப்பு. ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

"அக்கா, இவுக தனியா அடிச்சு அடிச்சுச் சலிச்சுப் போனாக. அன்னைக்கு ஆட்டம் பாதியில நின்னுபோச்சேன்னு நேத்து வாய்விட்டே சொல்லிட்டாக. அத்தான இன்னொரு வாட்டி அனுப்புறியா? இந்தத் தடவ எப்பிடியாச்சும் கெழக்கு மூலைய வாங்கிரலாம்."

நான் செய்தித்தாளை மடித்து வைத்தேன். இம்முறை வேட்டி வேண்டாம், கால்சட்டை போட்டுக்கொள்ளலாம் என்று தீர்மானித்து நிமிர்வதற்குள் மனைவி பதில் சொல்லிவிட்டாள்.

"இவுக வேணாம்டீ. மட்டய எனக்கு எடுத்து வையி. நானே வந்து தோத்துக்கிறேன்."