கண் அழுத்தம் பதினான்கு என்றார்கள்

என் அப்பாவுக்கு இடது கண் பார்வை திரும்ப வராது என்று டாக்டர் சொன்ன அன்று எனக்கு அழுகை வரவில்லை. பயம்தான் வந்தது. வலி கிடையாது, சிவப்பு கிடையாது. கண்ணுக்குள் அழுத்தம் கூடி, வருஷக்கணக்கில் நரம்பை அரித்திருக்கிறது. வடகரையில் வயலும் தென்னையுமாகத் திரிந்த மனுஷன், வாசற்படியைத் தடவிக்கொண்டு இறங்கினார். "இது குடும்பத்துல வரும். பிள்ளைங்க எல்லாரும் செக் பண்ணிக்கங்க" என்றார் டாக்டர்.

நான் குத்துக்கல்வலசையில் பியூட்டி பார்லர் வைத்திருக்கிறேன். நாள் முழுக்க நூலைப் பிடித்து அடுத்தவர் புருவத்தைத் திருத்துகிற வேலை. கண் போனால் எல்லாம் போச்சு. அந்த வாரம் முழுக்கச் சோறு இறங்கவில்லை. விளக்கு முன்னால் உட்கார்ந்து ஒன்றையே கேட்டேன். "முருகா, எனக்கு நார்மல் என்று வரவேண்டும்."

வந்தது. தென்காசியில் சோதித்தபோது, "முன்னாடி கண்ணுல ஆபரேஷன் ஏதும் பண்ணிருக்கீங்களா?" என்று கேட்டார்கள். இல்லை என்றேன். அழுத்தம் பதினான்கு, நார்மல் என்றார்கள். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. போன ஆனி மாதம், சாரல் தொடங்கியிருந்த நேரம். வெள்ளித் தகட்டில் கண் வடிவாகச் செய்த கண்மலர் வாங்கி, குமரனுக்குச் செலுத்துவதற்காக அண்ணன் மனைவியோடு பண்பொழி மலைக் கோயிலுக்குப் போனேன்.

என் மதினிக்கு வாய் கொஞ்சம் நீளம். வரிசையில் நிற்கும்போது சத்தமாகவே ஆரம்பித்தாள். "ஏட்டி, காலேஜ் படிக்கையில சோடாபுட்டிக் கண்ணாடி போட்டுக்கிட்டுத் திரிஞ்சவ நீ. உன் கண்ணுக்கு வெள்ளி பத்தாது, தங்கத்துலதான் போடணும்."

எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு அம்மா திரும்பிப் பார்த்தார். குடும்பத்தோடு குற்றாலத்துக்குக் குளிக்க வந்தவர், மதுரைப் பக்கம் கண் டாக்டராம். கண்மலர் எதற்கு என்று விசாரித்தார். பதினான்கு வந்த கதையைப் பெருமையாகச் சொன்னேன்.

"அந்த சோடாபுட்டி எப்படிப் போச்சு?" என்றார்.

"கல்யாணத்துக்கு முன்னாடி லேசர் வச்சு எடுத்தோம்."

"அழுத்தம் பார்த்தவங்ககிட்ட அதைச் சொன்னீங்களா?"

சொல்லவில்லை. அது ஆபரேஷன் என்றே எனக்குத் தோன்றியதில்லை. எங்கள் வீடுகளில் ஆபரேஷன் என்றால் கட்டுப் போட்டுப் படுக்க வேண்டும், சொந்தக்காரர்கள் பழப்பையோடு வரவேண்டும். நானோ அன்றைக்கே பஸ் ஏறி ஊர் வந்தவள்.

அவர் பொறுமையாகச் சொன்னார். "லேசர்ல கருவிழியை மெலிசாக்கிடுவாங்க. அழுத்தம் பார்க்கிற கருவி அதை அமுக்கித்தான் அளக்கும். மெலிசா இருந்தா சுலபமா அமுங்கும், நம்பரைக் குறைச்சலா காட்டும். அந்தப் பதினாலை நம்பிட்டு இருக்காதீங்க. லேசர் பண்ணினதைச் சொல்லி மறுபடி பாருங்க. நரம்பையும் ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்க."

மதினி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒண்ணும் ஆகாதுட்டி. முருகன் தன் வாசல்ல வச்சுத்தான சொல்ல வச்சிருக்கான். உள்ள போயி கும்பிடு."

சந்நிதியில் பழைய வேண்டுதல் வாயில் வரவில்லை. "முருகா, நல்லதாக வரவேண்டும் என்று கேட்கவில்லை. உள்ளதைக் காட்டு. தாங்குகிற மனசைக் கொடு" என்றேன். கண்மலரை அர்ச்சகரிடம் கொடுத்தேன். மலை இறங்கும்போதும் பயம் இருந்தது. ஆனால் தனியாக இறங்குகிற மாதிரி இல்லை.

மறுபடி போய் லேசர் விஷயத்தைச் சொன்னேன். கருவிழியின் தடிமனை அளந்தார்கள். வேறொரு கருவியில் அழுத்தம் பார்த்தார்கள். கூடுதலாகத்தான் இருந்தது. ஸ்கேனில் வலது கண் நரம்பு மெலியத் தொடங்கியிருந்தது. பார்வைக்கு மட்டும் இன்னும் பங்கம் வரவில்லை.

"நல்ல நேரத்துல சொன்னீங்கம்மா. போன நரம்பு திரும்பாது. இருக்கிறதைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாத்திரலாம்" என்றார் டாக்டர். அங்கேதான் நான் அழுதேன், சந்தோஷத்தில்.

இப்போது மருந்தை ஒருநாளும் விடுவதில்லை. சொன்ன தேதிக்குப் போய்ச் சோதித்துக்கொள்கிறேன். அழுத்தம் அடங்கியிருக்கிறது. பார்லருக்கு வருகிறவர்களிடம், "லேசர் வச்சுக் கண்ணாடிய எடுத்தியளா?" என்று நானே கேட்டுவிடுகிறேன். "புருவத்துக்கு வந்தா கண் ஆஸ்பத்திரி நடத்துதியளே அக்கா" என்று சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

நான் முதலில் கேட்டதோடு குமரன் விட்டிருந்தால், அந்த நார்மலை நம்பியே கண்ணை இழந்திருப்பேன். அவன் விடவில்லை. நீங்களும் டாக்டரிடம் ஒன்றுவிடாமல் சொல்லுங்கள். அவனிடம் போய், நல்ல சேதி கொடு என்று மட்டும் கேட்காமல், உள்ளதைக் காட்டு என்று கேட்டுப் பாருங்கள். காட்டுவான். காட்டிவிட்டு நம்மை விட்டுப் போகமாட்டான்.