எதிர் வீட்டு ஆணியில் தொங்கிய சாவி

தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவைக் கண்டுபிடித்தவர், வாசலுக்கு வெளியே கிடக்கும் பால் பாக்கெட்டை ஒருநாளும் குனிந்து எடுத்தவராக இருக்க முடியாது. போன வாரம் செம்பூரில் மகன் வீட்டு வாசலில் நான் குனிந்தேன். பின்னால் கதவு சாத்திக்கொண்டது. புதிதாகப் போட்டிருக்கும் எண் பூட்டு ஒரு சின்னப் பாட்டுப் பாடி, தன் கடமை முடிந்ததை அறிவித்தது. எண் எனக்கு மனப்பாடம்தான். ஆனால் ஈரக் கையால் தொட்டால் அதில் எண்கள் தெரியாதாம். பால் பாக்கெட்டை எடுத்த கை வேறு எப்படி இருக்கும்? பேத்தி உள்ளே காதில் எதையோ மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இருபது நிமிஷம் கழித்துக் கதவைத் திறந்தவள், "அரே தாத்தா, ஃபோன் பண்ணியிருக்கலாமே!" என்றாள். ஃபோன் உள்ளே இருந்தது.

அந்த இருபது நிமிஷம் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தபோதுதான், வேறொரு கதவைப் பற்றி எழுதிவிட வேண்டும் என்று தீர்மானித்தேன். அறுபது வருஷத்துக்கும் மேலாகத் தள்ளிப்போட்ட காரியம்.

அப்போது நாங்கள் மாட்டுங்காவில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருந்தோம். அப்பா, அம்மா, கல்யாணமாகாத சித்தப்பா, எட்டு வயதில் நான், எட்டு மாதத்தில் என் தங்கை. எங்கள் வாசல் கதவில் ஒரு லாட்ச் இருந்தது. கதவைச் சாத்தினால் போதும், நாக்கு தானாக நீண்டு பூட்டிக்கொள்ளும். வெளியிலிருந்து திறக்கச் சாவி வேண்டும். அது பூட்டிக்கொள்ளாமல் இருக்க உள்பக்கம் ஒரு சின்னப் பொத்தான் உண்டு. மேலே தள்ளினால் நாக்கு உள்ளேயே அடங்கியிருக்கும். ஆனால் அந்தப் பொத்தானுக்குப் பிடிமானம் போதாது. கதவு சற்று வேகமாக அடித்தால் போதும், அந்த அதிர்ச்சியில் கீழே நழுவிவிடும். அதாவது, கதவு அடித்துக்கொள்ளும்போது காப்பாற்றுவதற்காக வைத்த பொத்தான், கதவு அடித்துக்கொண்டால் வேலை செய்யாது. மாட்டுங்காவிலோ கடற்காற்றுக்குக் குறைவில்லை.

அதனால் அந்தக் கட்டடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு வீட்டின் இரண்டாவது சாவியும் வேறொரு வீட்டு ஆணியில் தொங்கும். கல்யாணப் பத்திரிகை எல்லா வீட்டுக்கும் போகும். சாவி ஒரே ஒரு வீட்டுக்குத்தான் போகும். யார் சாவி யார் வீட்டில் என்று தெரிந்தால், யார் யாரை நம்புகிறார்கள் என்பதும் தெரிந்துவிடும்.

எங்கள் சாவி எதிர் வீட்டில் இருந்தது. அங்கே திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவப் பெண் ஒருவர் தனியாக இருந்தார். ஆஸ்பத்திரியில் நர்ஸ். அம்மா அவரை சிஸ்டர் என்று அழைத்தாள். நான் சிஸ்டர் மாமி என்று அழைத்தேன். அவர் அம்மாவை அக்கா என்பார், என்னை "ஏல அம்பி" என்பார். ராத்திரி டியூட்டி என்பதால் பகலில் தூங்குவார். என் தங்கை பிறந்த புதிதில் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தபோது, தூக்கத்தை விட்டுவிட்டு வந்து குழந்தையைக் குளிப்பாட்டியவர் அவர்தான்.

இனி என் குற்றம். தங்கைக்குப் பால் பொடி வாங்குவார்கள். அந்த டின் லேசில் கிடைக்காது. கடைக்கு வந்திருப்பதாகக் கேள்விப்பட்டால் அப்பா ஆபீசில் சொல்லிவிட்டு ஓடிப்போய் வரிசையில் நிற்பார். அதை ஒரு ஸ்பூன் அப்படியே வாயில் போட்டால் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு மெதுவாகக் கரையும். அதைவிட ருசியான பண்டத்தை நான் பிறகும் தின்றதில்லை. அம்மா வீட்டில் இருக்கும்போது டின்னை நெருங்க முடியாது. வெள்ளிக்கிழமை மத்தியானம் அவள் குழந்தையை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போவாள். எனக்கோ காலைப் பள்ளிக்கூடம். திரும்பி வந்து சிஸ்டர் மாமியின் கதவைத் தட்டி, "அம்மா சாவி வாங்கிக்கச் சொன்னா" என்பேன். அவர் தூக்கக் கண்ணோடு எடுத்துக் கொடுத்து, "ஒடனே கொண்டாந்துரணும், என்னல?" என்பார். நானும் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேன். நான்கைந்து வெள்ளிக்கிழமைகள் இப்படிப் போயின.

கடைசி வெள்ளிக்கிழமை, ஸ்பூன் வாயில் இருக்கும்போதே படிக்கட்டில் அம்மாவின் குரல் கேட்டது. கையில் சாவி. என்ன செய்வதென்று தெரியாமல் அதை டின்னுக்குப் பின்னால் செருகிவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே ஓடிவந்து கதவை இழுத்துச் சாத்தினேன். லாட்ச் பூட்டிக்கொண்டது. அப்போதுதான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவன்போல நின்றேன். சாவி உள்ளே, எதிர் வீட்டு ஆணி காலி.

மறுநாள் சனிக்கிழமை. அம்மா அடுக்களையை விட்டு நகராததால் சாவி டின்னுக்குப் பின்னாலேயே இருந்தது. மொட்டைமாடியில் வடாம் காய்ந்துகொண்டிருந்தது. பிற்பகல் இரண்டு மணிக்குச் சொல்லாமல் கொள்ளாமல் மழை வந்தது. அம்மா ஸ்டவ்வில் பாலை வைத்திருந்தாள். குழந்தை தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தது. "ஐயோ, வடாம்! டேய், கதவப் பாத்துக்கோ" என்று லாட்ச் பொத்தானை மேலே தள்ளிவிட்டு மாடிக்கு ஓடினாள். நான் மழையைப் பார்க்க நடையில் வந்து நின்றேன். ஒரு காற்று. கதவு படீரென்று அடித்தது. பொத்தான் நழுவிய சின்னச் சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

அம்மா முறத்தோடு இறங்கி வந்தாள்.

"யாருடா கதவச் சாத்தினா?"

"காத்து."

அன்று நான் சொன்னவற்றில் அது ஒன்றுதான் உண்மை.

அம்மா முறத்தைக் கீழே போட்டுவிட்டு எதிர்க் கதவை இரண்டு கையாலும் தட்டினாள். "சிஸ்டர்! சாவியக் கொடுங்கோ! குழந்தை உள்ள மாட்டிண்டுடுத்து. ஸ்டவ்ல பால் இருக்கு!"

சிஸ்டர் மாமி கதவைத் திறந்தார். கை பழக்கத்தில் ஆணிக்குப் போனது. ஆணி காலி. அவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் என் கால் விரல்களைப் பார்த்தேன். பத்தும் இருந்தன. பிறகு அவர் குரல் கேட்டது.

"எங்கயோ வச்சித் தொலச்சிட்டேன் போலுக்கு, அக்கா."

தூக்கக் கலக்கம், மறந்துவிட்டார் என்று நினைத்தேன். என் நெஞ்சிலிருந்து ஒரு பெரிய பாரம் இறங்கியது. உள்ளே தங்கை, எரிகிற ஸ்டவ், வெளியே நான், எனக்கு வந்தது ஆறுதல். அதை எழுத இப்போது கை கூசுகிறது.

அந்தச் சமயம் சித்தப்பா அரை நாள் ஆபீஸ் முடிந்து வந்துசேர்ந்தார். வீட்டில் எது உடைந்தாலும் அவர்தான் சரிசெய்வார், அல்லது மேலும் உடைப்பார். "பதறாதீங்கோ மன்னி, ரெண்டே நிமிஷம்" என்று சட்டைக் கையை மடித்தார். பிறகுதான் தன் சாமான் பெட்டியும் வீட்டுக்குள் இருப்பது நினைவுக்கு வந்தது. கீழே வாட்ச்மேனிடம் ஒரு ஸ்க்ரூ டிரைவரும் சுத்தியலும் வாங்கி வந்தார். அந்த ஸ்க்ரூ டிரைவரின் மரப்பிடி விரிசல் விட்டிருந்தது. பிடியைத் திருகினால் பிடி மட்டும் சுற்றியது, கம்பி நின்ற இடத்தில் நின்றது. அது சுற்றியிருந்தாலும் பயனில்லை. லாட்சின் திருகாணிகள் எல்லாம் உள்பக்கம் இருந்தன. சுத்தியலை ஓங்கினார். தலை கழன்று மாடிப்படி இடுக்கு வழியாகக் கீழே போயிற்று. "அரே பாப்ரே!" என்று வாட்ச்மேனின் குரல் மேலே வந்தது.

"எவன்டா இதெல்லாம் செய்யறான்?" என்று சித்தப்பா வெறும் காம்பைப் பார்த்துக் கேட்டார்.

கதவிடுக்கில் பால் தீயும் வாடை வந்தது. உள்ளே குழந்தை விழித்துக்கொண்டு வீறிட ஆரம்பித்தது. அம்மா கதவில் வாயை வைத்து, "இதோ வந்துட்டேன்டி கண்ணு, இதோ வந்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அழுகை ஏறிக்கொண்டே போய், சட்டென்று நின்றது.

அந்த அமைதியை நான் இன்றும் மறக்கவில்லை. அம்மாவும் பேச்சை நிறுத்தினாள். டின்னுக்குப் பின்னால் சாவி இருக்கிறது என்று சொன்னால்கூட இப்போது பயனில்லை என்பது எட்டு வயதிலும் எனக்குப் புரிந்தது.

"தள்ளுங்க, தள்ளுங்க" என்று சிஸ்டர் மாமி தன் வீட்டுக்குள்ளிருந்து ஓடிவந்தார். கையில் ஒரு பழைய எக்ஸ்ரே படம். அதைக் கதவுக்கும் நிலைக்கும் நடுவே செருகினார். யாரோ ஒருவருடைய விலா எலும்புகள் எங்கள் கதவிடுக்கில் மெதுவாக நுழைந்தன. "அண்ணாச்சி, கதவ லேசா உங்க பக்கம் இழுத்துக்கிடுங்க... இப்ப விடுங்க" என்றார். லாட்சின் நாக்கு ஒரு பக்கம் சரிவாக இருக்கும். கதவு தானாகச் சாத்திக்கொள்வதே அந்தச் சரிவால்தான். படம் அதே சரிவில் ஏறி நாக்கை உள்ளே தள்ளியது. கதவு திறந்துகொண்டது.

அறை முழுக்கப் புகை. பால் பொங்கி வழிந்ததில் ஸ்டவ்வின் திரிகள் பாதிக்கு மேல் அணைந்து போயிருந்தன. தொட்டிலில் தங்கை தன் கால் கட்டைவிரலை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டு, உள்ளே ஓடிவந்த நான்கு பேரையும் சற்று எரிச்சலோடு பார்த்தாள். அம்மா அவளை வாரி எடுத்துக்கொண்டு, இன்னொரு கையால் சிஸ்டர் மாமியின் தோளைக் கட்டிக்கொண்டு அழுதாள். சித்தப்பா ஜன்னலைத் திறந்துவிட்டுத் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். புகை என்றார்.

"இத எங்க கத்துண்டேள் சிஸ்டர்?"

"ஆஸ்டல்ல நாங்க தெனமும் இப்பிடித்தான் தெறப்போம்" என்று அவர் சிரித்தார். "இந்தப் பூட்டெல்லாம் ஒரு பூட்டாக்கா?"

அந்தச் சிரிப்பு ஒரு நாள்கூட நிலைக்கவில்லை. சாயங்காலம் அப்பா வந்து எல்லாவற்றையும் கேட்டார். எழுந்து போய்க் கதவைப் பார்த்துவிட்டு வந்தார். "சாவி தொலைஞ்சு போச்சு. சாவி இல்லாமயும் தெறக்கத் தெரியறது" என்றார்.  அம்மா குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டாள். பிறகு, "டின்ல பொடிகூட ஒரு மாசமா சீக்கிரம் சீக்கிரம் குறையறது" என்றாள், தனக்கே பிடிக்காத ஒன்றைச் சொல்வதுபோல.

நான் அங்கேதான் கணக்கு நோட்டை விரித்து உட்கார்ந்திருந்தேன். தலையை நிமிர்த்தவில்லை. மறுநாள் அம்மா குளிக்கப் போனபோது டின்னுக்குப் பின்னாலிருந்த சாவியை எடுத்துக்கொண்டு போய்ச் சாக்கடையில் போட்டேன். அடுத்த வாரம் புது லாட்ச் வந்தது. அதன் இரண்டாவது சாவி இரண்டாவது மாடி மாமா வீட்டுக்குப் போயிற்று. கட்டடம் முழுவதும் அதைப் பார்த்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் இல்லை. சிஸ்டர் மாமியின் ஆணி காலியாகவே இருந்தது. அம்மா அவரோடு பேசாமல் இல்லை, சிரிக்காமல் இல்லை. ஆனால் குழந்தையைக் குளிப்பாட்ட அவரைக் கூப்பிடுவது நின்றுபோயிற்று.

போன ஞாயிற்றுக்கிழமை வாஷிக்குப் போய்த் தங்கையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்கே இப்போது பேரன் இருக்கிறான். வாய் திறந்து கேட்டுக்கொண்டிருந்தவள், "கைக்குழந்தையோட பாலைத் திருடித் தின்னியா அண்ணா நீ? அதான் நான் நாலடி பத்தங்குலத்தோட நின்னுட்டேன்!" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. உடம்பே லேசாயிற்று. சிரித்து ஓய்ந்தபின், "அந்த சிஸ்டர்கிட்ட சொன்னியா?" என்றாள்.

சொல்லவில்லை. இரண்டு வருஷம் கழித்து அவர் வடாலாவில் ஆஸ்பத்திரிக் குவார்ட்டர்ஸுக்குப் போய்விட்டார். மாட்டுங்காவிலிருந்து நடந்தே போகலாம். நான் படித்தேன், வேலைக்குப் போனேன், தினமும் அந்த வழியாகவே ரயிலில் போய்வந்தேன். ஒருநாளும் இறங்கவில்லை. இனி இறங்கியும் பயனில்லை.

ஆனால் அந்த இரண்டு வருஷத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் வீட்டின் இரண்டாவது சாவி எங்கள் வீட்டில்தான் இருந்தது. எங்கள் சாவி இரண்டாவது மாடிக்குப் போனபிறகு அவரும் தன் சாவியைத் திருப்பிக் கேட்பார் என்று அம்மா எதிர்பார்த்தாள். துடைத்துத் தயாராகக்கூட வைத்திருந்தாள். அவர் கேட்கவே இல்லை. தினமும் சாயங்காலம் டியூட்டிக்குக் கிளம்பும்போது தன் கதவைச் சாத்திவிட்டு, எங்கள் வாசலில் ஒரு நிமிஷம் நின்று, அம்மாவைக்கூட அல்ல, என்னைப் பார்த்துச் சொல்வார்: "ஏல அம்பி, சாவி உங்க வீட்டுலதான் கெடக்கு. வீட்டப் பாத்துக்கிடு, என்ன?"

நானும் "சரி மாமி" என்பேன். பாவம், ஞாபக மறதி அதிகம், சாவி எங்கே இருக்கிறது என்பதைத் தினமும் ஒருமுறை தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொள்கிறார் என்றுதான் அன்று நினைத்துக்கொண்டேன்.