மணி அடிக்கும்போது நடந்தவள்

கதை விடுறா என்று நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள். இது என் மகளின் உயிர் சம்பந்தப்பட்டது. அதை வைத்து நான் கதை கட்ட மாட்டேன்.

ஆம்பூர் பக்கம் நூறு வயதான ஒரு கத்தோலிக்கப் பெண்கள் பள்ளி. பெயர் வேண்டாம். நான் ஷஹீன் பானு. அங்கேயே படித்து, அங்கேயே பிளஸ் டூவுக்கு இயற்பியல் எடுக்கிறேன். மாலை ஆறு மணிக்கு ஜெப மணி அடிக்கும். மூன்று அடி, கொஞ்சம் இடைவெளி, மறுபடி மூன்று. எல்லாம் முடியும்வரை அவரவர் இருந்த இடத்திலேயே நிற்க வேண்டும். இந்து, முஸ்லிம் எல்லோரும் நிற்போம். அந்தப் பழக்கம் எங்கள் காலிலேயே ஊறிப்போனது.

போன டிசம்பரில் நூற்றாண்டு விழாக் கண்காட்சி வேலை. பழைய வெண்கல மணியைக் கழற்றி, நாக்கை எடுத்துவிட்டு, கீழே ஹாலில் வைத்திருந்தார்கள். இப்போது மணிச் சத்தம் ஸ்பீக்கரில்தான். நான் மேல்மாடியில் பழைய போட்டோக்களை ஒட்டிக்கொண்டிருந்தேன். என் ஆறு வயது மகள் தூபா வராண்டாவின் கடைசி அறையில் படம் வரைந்துகொண்டிருந்தாள். அதைத் தாண்டினால் மணி தொங்கிய மொட்டைமாடி. ரிப்பேருக்காகக் கைப்பிடிச் சுவரை இடித்திருந்தார்கள். அதற்குப் போகும் கதவு பூட்டியிருந்தது. நானே இழுத்துப் பார்த்தேன்.

5.55-க்குக் கரண்ட் போனது. தூபாவைக் கூட்டிவர வராண்டாவில் நடந்தேன். அந்த நேரத்தில் ஷூ கம்பெனி பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போகும். அன்று அந்தச் சத்தமும் இல்லை.

டங்... டங்... டங்...

நின்றுவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது. கரண்ட் இல்லையே!

எனக்குப் பின்னால் காலடி. வெறுங்கால். அது நிற்கவில்லை.

என்னைத் தாண்டிப் போனது. கண்ணுக்கு யாரும் தெரியவில்லை.

கிரீச்... பூட்டிய கதவு திறந்தது.

"வா."

சின்னப் பெண்ணின் குரல். மணி ஓய்ந்த இடைவெளியில் இன்னொரு சத்தம். கொலுசு. என் தூபா!

நின்று பழகிய கால் அசையவில்லை.

டங்...

கொலுசு நின்றது.

வெறுங்கால் மட்டும் போய்க்கொண்டே இருந்தது.

எப்படி ஓடினேனோ தெரியாது. தூபா மாடி விளிம்பில் கைகட்டி நின்றிருந்தாள். இன்னும் ஓரடி வைத்திருந்தால்... வாரி அணைத்துக்கொண்டேன்.

"ஒரு அக்கா கூப்டாங்க, அம்மி. மணி அடிச்சிது, நான் நின்னுட்டேன். அவங்க நிக்கல."

"எங்க போனாங்க?"

விளிம்புக்கு வெளியே கையைக் காட்டினாள்.

மறுநாள் சிஸ்டர் செராபினிடம் சொன்னேன். எண்பது வயது. பள்ளியின் சரித்திரம் முழுக்க அவருக்கு அத்துப்படி. ஹாலில் இருந்த நாக்கில்லாத மணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மணி அடிச்சா எதுக்கு நிக்கச் சொல்றோம், தெரியுமா?"

"ஜெபத்துக்கு, சிஸ்டர்."

"அது புள்ளைங்க பயப்படக் கூடாதுன்னு சொன்னது. ஹாஸ்டல் இருந்த காலத்துல ஆரம்பிச்சது இது. எல்லாரும் நின்னாத்தாம்மா, அவ காலடி யார்கிட்ட போகுதுன்னு கேக்கும்."