பொம்மையின் இடுப்பு

கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடைக்காரர் கண்ணாடிக்குப் பின்னால் பொம்மை நிறுத்திய வருஷம் நான் ப்ளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடம் விட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கிற வழியில்தான் அந்தக் கடை. அதுவரை எங்களுக்குத் துணி எடுப்பது என்றால் பாயில் உட்கார்ந்து, கடைக்காரர் விரித்துப் போடுவதைத் தடவிப் பார்த்து, சாயம் போகுமா என்று நூறு தடவை கேட்டு வாங்கி வருவது. இந்தப் பொம்மை வேறு ரகம். வெள்ளைத் தோல், இடுப்பில் ஒரு கை, பாம்பேயிலிருந்து வந்த மயில் நிறச் சுடிதார். இடுப்பு இருக்கிறதே, ஒரு சாண்கூட இருக்காது. இந்த இடுப்பை வைத்துக்கொண்டு எவளாவது தண்ணீர்க் குடம் தூக்க முடியுமா என்று எங்களில் ஒருத்திக்கும் கேட்கத் தோன்றவில்லை. வாயைப் பிளந்துகொண்டு நின்றோம்.

எங்கள் ஊர் வடக்கனந்தலுக்குப் பக்கம். அப்பா குத்தகை நிலத்தில் மரவள்ளியும் கரும்பும் போடுவார். பத்தாவதில் நான் நல்ல மார்க் எடுத்ததற்குத் தீபாவளிக்குச் சுடிதார் எடுத்துத் தருவதாகச் சொல்லியிருந்தார். ஆடித் தள்ளுபடியில் விலை கேட்டு வைக்கலாம் என்று அம்மாவும் நானும் போனோம். கடைக்காரர் என்னை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்தார்.

“பாப்பாவுக்கு இது ஏறாதுங்க. பாம்பே அளவு. ஒல்லியா இருக்கிற புள்ளைங்களுக்குத்தான் வரும். பாவாடை தாவணி காட்டட்டுங்களா?”

அவ்வளவுதான் சொன்னார். திட்டவில்லை, கேலி பண்ணவில்லை. ஆனால் பக்கத்தில் என் வகுப்புப் பெண் ஒருத்தி நின்றிருந்தாள். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. போட்டுப் பார்க்கிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. அங்கே போட்டுப் பார்க்க ஒரு மறைப்பும் கிடையாது. நான் ஒன்றும் குண்டு இல்லை. லீவு நாளில் கரும்புத் தோகை உரிக்கப் போகிற பெண் எப்படி இருப்பாளோ அப்படித்தான் இருந்தேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தபோது யாரோ ஒரு தடிச்சி நின்றாள்.

மறுநாள் பொம்மையின் இடுப்பைக் கண்ணாலேயே அளந்து, என் தலை ரிப்பனில் ஒரு முடிச்சுப் போட்டேன். தீபாவளிக்குள் என் இடுப்பு அந்த முடிச்சுக்குள் வந்துவிட வேண்டும். என்ன ஒரு கணக்கு! கண்ணாடிக்கு வெளியே நின்று அளந்த அளவு!

எங்கள் வீட்டில் சும்மா சாப்பிடாமல் இருந்துவிட முடியாது. தட்டில் சோறு மிச்சம் வைத்தாலே அம்மா கரண்டியால் தட்டுவாள். ஆனால் விரதம் என்று சொல்லிவிட்டால் கதையே வேறு. விரதக்காரியைச் சாப்பிடு என்று கட்டாயப்படுத்துவது பாவம். செவ்வாய், வெள்ளி மாரியாத்தாளுக்கு என்றேன். கிருத்திகை முருகனுக்கு என்றேன். சனிக்கிழமை பெருமாளுக்கு என்றேன். புரட்டாசி பிறந்ததும் மாதம் முழுக்க ஒரு வேளைதான் என்று சொல்லிவிட்டேன். அந்த ஒரு வேளையையும் பாதி ஆட்டுக்குப் போட்டேன்.

ஊர் என்னைக் கையெடுத்துக் கும்பிடாத குறை. “இந்த வயசுல இன்னா பக்தி!” என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து என் கையால் திருநீறு வாங்கிப் போனார்கள். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. “எம் பொண்ணு மூஞ்சில ஒரு களை வந்திருக்குது பாருங்க” என்று கிணற்றடியில் சொல்லிக்கொண்டிருந்தாள். களையாவது ஒன்றாவது. கன்னம் ஒட்டி, கண் மட்டும் பெரிதாகத் தெரிந்தது.

வயிறு முதலில் கத்தியது. பிறகு கத்துவதை நிறுத்திக்கொண்டது. அது அடங்கிய அன்று எனக்கு இருந்த பெருமையைச் சொல்லி மாளாது. ரிப்பன் முடிச்சும் ஒருநாள் எட்டியது. அதோடு நிறுத்தினேனா? இல்லை. இன்னும் உள்ளே தள்ளி வேறொரு முடிச்சுப் போட்டேன். அப்போதே சுடிதார் எனக்கு மறந்துபோயிருந்தது. அன்றைய நாளைச் சாப்பிடாமல் கடத்திவிட்டோமா என்பது மட்டும்தான் தலைக்குள் ஓடியது. சீப்பில் முடி கொத்துக் கொத்தாக வந்தது. வெயிலில் நின்றாலும் குளிர் எடுத்தது.

அந்தப் புரட்டாசியில்தான் இட ஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்தது. ரோட்டுக்குக் குறுக்கே புளியமரங்கள் சாய்ந்து கிடந்தன. பஸ் இல்லை, பள்ளிக்கூடம் இல்லை. அப்பாவும் மறியலுக்குப் போனார். போனவர்களை எல்லாம் லாரியில் ஏற்றி ஏதோ கல்யாண மண்டபத்தில் வைத்திருக்கிறார்கள் என்று சேதி வந்தது. வீட்டில் நானும் அம்மாவும் மட்டும். பகல் முழுக்க ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டிருந்ததில்தான் அம்மாவுக்கு அது உறைத்தது.

எங்கள் வீட்டில் மாதவிலக்கு வந்து தூரமானால் பின்பக்கக் கொட்டகையில்தான் இருக்க வேண்டும். தனித் தட்டு, தனிப் பாய். தலைக்குக் குளித்த பிறகுதான் உள்ளே வரலாம். அதுவரை யாரும் தொட மாட்டார்கள்.

“ஏண்டி,” என்றாள் அம்மா, முறத்தை அப்படியே கீழே வைத்துவிட்டு. “நீ கொட்டாய்க்குப் போயி எத்தினி நாளாவுது?”

“தெரியலமா.”

அவள் முகம் வெளுத்துப்போனது. எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். என் தலைமுடியைப் பிடித்தாள்.

“யாருடி அவன்?”

எனக்கு முதலில் புரியவே இல்லை. புரிந்ததும் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. சாமி மேல், அவள் மேல், அப்பா மேல் சத்தியம் பண்ணினேன். நம்பவில்லை. “உங்கப்பா வர்றதுக்குள்ள எனக்குத் தெரிஞ்சாவணும்” என்று மாரில் அடித்துக்கொண்டாள்.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லை. வழி இருந்திருந்தாலும் போயிருக்க மாட்டாள். அங்கே எங்களைத் தெரிந்தவர்கள் ஜாஸ்தி. கல்வராயன் மலைக்கு ரோடு ஏறுகிற இடத்தில் ஒரு சின்ன சுகாதார நிலையம் இருந்தது. மலை ஜனங்கள்தான் அங்கே வருவார்கள். முக்காட்டைப் போட்டுக்கொண்டு, என் கையை இறுக்கிப் பிடித்து, அந்தப் பக்கம் நடத்திக்கொண்டு போனாள். கோமுகி வாய்க்காலைத் தாண்டி மேடு ஆரம்பித்த இடத்தில் எனக்குக் கண் இருட்டியது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

“நடிக்காத, எழுந்திருடி” என்று இழுத்தாள். கால் நிற்கவில்லை. வேறு வழியில்லாமல் குனிந்து என்னை முதுகில் ஏற்றினாள். ஏற்றியவள் அடி எடுத்து வைக்காமல் அப்படியே நின்றாள். என் தொடையைத் தாங்கியிருந்த கையால் தடவிப் பார்த்தாள்.

“இன்னாடி இது, கனமே இல்ல?”

அதற்கப்புறம் திட்டவில்லை. மேடு முழுக்க அழுதுகொண்டே ஏறினாள்.

நர்சம்மா என்னை உள்ளே கூப்பிட்டுப் பார்த்தார். நாடி பிடித்தார், கண்ணைப் பிதுக்கிப் பார்த்தார், ஏதேதோ கேட்டார். வெளியே வந்து அம்மாவிடம் சொன்னார்: “புள்ளயும் இல்ல ஒண்ணும் இல்லம்மா. உடம்புல சோறே இல்ல. சோறு இல்லன்னா உடம்பு அத நிறுத்திடும்.”

“விரதம் இருந்தாங்கம்மா.”

“எந்தச் சாமிம்மா இந்தப் பாடு படுத்துது?”

நான் தலையைக் குனிந்துகொண்டு, “பொம்மை” என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நர்சம்மா சிரிக்கவில்லை. “இப்படியே வுட்டா உசுருக்கே ஆபத்து. அதுக்குன்னு ஒரேயடியா போட்டு அடைச்சிடாதீங்க. கொஞ்சம் கொஞ்சமா, கூட குந்தினு குடுங்க. வாரா வாரம் இட்டாந்து காட்டுங்க. பஸ்ஸு வுட்டதும் பெரிய டாக்டருகிட்டயும் இட்டுக்கினு போங்க” என்றார்.

திரும்பி வரும்போது அம்மா வாய்க்கால் கரையில் உட்கார்ந்தாள். முந்தானையை ஏந்திக்கொண்டு, “பெருமாளே, இவ சொன்ன வெரதம் எல்லாத்தையும் நான் எடுத்துக்கறேன். இவ துன்னட்டும்” என்று சத்தமாகச் சொன்னாள். சொல்லிவிட்டு என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். அப்புறம் அதே இடத்தைத் தடவிவிட்டாள்.

பஸ் ஓட ஆரம்பித்ததும் பெரிய டாக்டரைப் பார்த்துவிட்டு, நேராக என்னை அந்தக் கடைக்கு இழுத்துப் போனாள்.

“பொம்மைக்குப் போட்டிருக்கிறத கழட்டுங்க. எம் பொண்ணு மேல வச்சிப் பாக்கணும்.”

கடைக்காரர் முணுமுணுத்துக்கொண்டே பொம்மையைத் திருப்பினார். முதுகில் கழுத்திலிருந்து இடுப்புவரை வரிசையாகக் குண்டூசி. இடுப்பில் கைநிறையத் துணியைக் கொசுவி, துணி காயப்போடுகிற கிளிப்பால் கவ்வி வைத்திருந்தார்கள்.

“இன்னாங்க இது?”

“பொம்மைக்குத் தொளதொளன்னு இருந்துச்சிங்க. அளவா தெரியணும்ல, புடிச்சிக் குத்தி வச்சிருக்கோம்.”

அம்மா என்னைப் பார்த்தாள். கடைக்காரரைப் பார்த்தாள். “பொம்மைக்கே லூசாமேடி!” என்று ஆரம்பித்தவள், கடை அதிரச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்ததும் சிரிப்பு கோபமானது. “எம் பொண்ணுக்கு ஏறாதுன்னு சொன்னியே, வச்சிப் பாத்தியாய்யா நீ?” என்று பிடித்துக்கொண்டாள். பாவம், அவருக்கு எதற்குத் திட்டு வாங்குகிறோம் என்றே தெரியவில்லை. சுடிதாரை அம்மா வாங்கவில்லை. துணியாக எடுத்து டைலரிடம் கொடுத்தாள். “எடம் வுட்டுத் தைங்க. இவ இனிமேதான் சதை போடப் போறா” என்றாள்.

குண்டூசியைப் பார்த்ததும் எனக்குப் பசி வந்துவிட்டது என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். வரவில்லை. பொம்மை பொய் என்று மூளைக்குத் தெரிந்தது, தொண்டைக்குத் தெரியவில்லை. அரை இட்லியை முன்னால் வைத்துக்கொண்டு விசும்பி விசும்பி அழுதிருக்கிறேன். அம்மாவின் கோபம் ஊரறிந்தது. அப்படிப்பட்டவள் கோபத்தை அடக்கிக்கொண்டு, நான் முடிக்கிறவரை எதிரில் குந்தியிருப்பாள். அவித்த மரவள்ளி, வேர்க்கடலை, மோர்ச்சோறு என்று கொஞ்சம் கொஞ்சமாக வைப்பாள். வாரா வாரம் மேடேறிப் போய் நர்சம்மாவிடம் காட்டினோம். சில வாரம் எடை ஏறியது, சில வாரம் இறங்கியது. அப்பா விடுதலையாகி வந்து, “தெனம் உப்புமா போட்டானுங்க பாப்பா. உள்ள வச்சத வுட அதான் பெரிய தண்டனை” என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த வாயோடு அவர் தட்டிலிருந்தே நாலு வாய் சாப்பிட்டேன். அன்றைக்கு அழவில்லை.

மாசி மாதம் ஒரு காலையில் அம்மா அடுப்படியில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் வழக்கப்படி வாசலுக்கு வெளியே தள்ளி நின்று, “மா, நான் தூரம்” என்றேன்.

தோசைத் திருப்பியைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். வந்த வேகத்தில் இரண்டு கையாலும் என்னைச் சேர்த்துக் கட்டிக்கொண்டாள்.

“தொட்டுட்டியேமா!”

“தொட்டா இன்னாடி? தொட்டா இன்னா?” அவள் உடம்பு குலுங்கிக்கொண்டிருந்தது. அப்படியே என்னை அடுப்படிக்குள் இழுத்துப் போய், தன் பக்கத்தில் உட்கார வைத்தாள். தீய்ந்துபோன தோசையை எடுத்துப் போட்டுவிட்டு வேறொன்று ஊற்றினாள். அன்றைக்கு நான் கொட்டாய்க்குப் போகவில்லை. அதற்கப்புறம் என்றைக்கும் போகவில்லை.

தோசையைச் சாப்பிட்டு முடித்தேன். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. நான்தான் தட்டை நீட்டினேன்.

“மா, இன்னும் ஒண்ணு.”