சிமியோனின் பனிமலைப் பயணம்

நண்டின் காலை முறிக்காமல் வலையிலிருந்து கழற்றிக்கொண்டே, பிரான்சின் எல்லை இன்னும் திறந்துதான் இருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டிருந்தார் சிமியோன். கைபேசி ஒரு பொலித்தீன் பைக்குள் கிடந்தபடி கரையோரக் கொட்டிலான வாடியின் மரக்கப்பில் அடித்த ஆணியில் தொங்கியது. கை ஈரமாக இருக்கும்போது அதைத் தொடமாட்டார். சத்தத்தை முழுவதும் கூட்டிவிட்டு, குந்தியிருந்த இடத்திலிருந்தே கத்துவார். கடலில் படகுக்குப் படகு கூப்பிட்டுப் பழகிய குரல் அது. வேலைக்குப் போய்க்கொண்டிருந்த மகள் றஜிதா ஜெனீவாவிலிருந்து, "அப்பா, மெல்லமாக் கதையுங்கோ, நான் பஸ்ஸுக்கை நிக்கிறன்" என்று கெஞ்சியது குருநகர்க் கரையில் பாதிப்பேருக்குக் கேட்டது.

"பஸ்ஸிலை நிக்கிற சனத்துக்குத் தமிழ் விளங்கவே போகுது? நீ சொல்லு. லண்டன்காரரை உள்ளை விடுறாங்களோ, இல்லையோ?"

கொரோனா வந்த பிறகு வந்த இரண்டாவது மாரி அது. சிமியோன் தன் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் பனிச்சறுக்கு விளையாட ஐரோப்பிய மலையொன்றுக்கு அனுப்புவதற்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். அவருக்குப் பனி என்றால் மார்கழி விடியலில் படகின் பலகையை நனைத்து வைப்பது. பிள்ளைகள் சொல்லும் மற்றப் பனியை 'ஸ்நோ' என்றே சொல்வார். சறுக்குக் கட்டையைப் படத்தில் பார்த்துவிட்டு, "உதைக் காலிலை கட்டிக்கொண்டு போறதுக்கு நடந்தே போகலாமே" என்றவர்தான். ஆனாலும் அந்தப் பயணத்தை முன்னின்று நடத்த அவரைவிட்டால் வேறு தண்டல் கிடையாது.

வயது அறுபதைத் தாண்டிவிட்டது. குள்ளமான, அகன்ற உடம்பு. கழுத்தில் செபமாலை. படகின் இயந்திரம் பிடிக்காவிட்டால் அதன் சிலுவையைப் பல்லில் கடித்துக்கொண்டு கயிற்றை இழுப்பார். யேசுவின் சீடரான யாகப்பரின் கோயிலுக்குப் போனால் அவரிடம் கெஞ்சிக் கேட்கும் வழக்கமில்லை. "நீரும் கடற்தொழில் செய்தனீர்தானே, உமக்கு நான் விளங்கப்படுத்தவேணுமோ?" என்று கேட்டுவிட்டு வெளியே வந்துவிடுவார். தொலைபேசியில் 'ஹலோ' சொல்லமாட்டார். முதல்நாள் விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடங்குவார். மறுமுனையில் இருப்பவர்தான் அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

அவரோடு சேர்ந்து நண்டு கழற்றும் தங்கமுத்துவுக்கு இந்தக் குடும்பத்தின் கதை முழுவதும் கேட்டே பாடம். "சிமியோன் அண்ணை ஒருக்காலும் கொழும்பு தாண்டிப் போனதில்லை. இப்ப மூண்டு நாட்டுச் சனத்தை ஒரு மலையிலை ஏத்தப் போறார்" என்று எனக்குச் சொல்லிவிட்டுச் சிரிப்பார். நான் அதே ஒழுங்கையில் குடியிருக்கிறவன். நண்டு வாங்கப் போய், கதை கேட்க நின்றுவிடுகிறவன்.

சிமியோனுக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவன் எமில்ராஜ் பாரிஸில். நடுவில் றஜிதா. கடைசி ஜெரிசன் லண்டனில். தாய் லூர்த்தம்மா முதலாவது ஊரடங்கின்போது நெஞ்சுவலி வந்து இறந்துபோனார். விமான நிலையம் மூடியிருந்தது. ஒருவராலும் வரமுடியவில்லை. ஜெரிசன் அழுதுகொண்டே, "ஆஸ்பத்திரியிலை வைச்சிருங்கோ அப்பா, நான் எப்பிடியும் வருவன்" என்றான். சிமியோன் மூத்தவனைக் கேட்டார். "பிளேன் எப்ப ஓடுமெண்டு ஆருக்குத் தெரியும்? அம்மாவைக் குளிரறையிலை கிடத்தி வைக்க ஏலாது. அடக்கம் செய்யுங்கோ" என்றான் எமில்ராஜ். கோயிலுக்குள் விடப்பட்டது விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர்தான். பிள்ளைகள் மூவரும் தாயின் அடக்கத்தைக் கைபேசித் திரையில் பார்த்தார்கள்.

அன்று மாலையே தம்பி அண்ணனுக்கு எடுத்தான். "உன்ரை சொல்லாலைதான் நான் அம்மாவின்ரை முகத்தைக் காணேல்லை." அண்ணன் கேட்டான்: "அவ இருக்கேக்கை எத்தினைதரம் வந்து பாத்தனி?" அதற்குப் பிறகு இருவரும் பேசவில்லை.

றஜிதா ஒருமுறை இருவரையும் தன் வீட்டுக்கு அழைத்துப் பார்த்தாள். "அவன் வாறானோ?" என்று இருவருமே கேட்டார்கள். இருவருமே வரவில்லை. லண்டன் வீட்டுக்கு மூத்தவன் போகமாட்டான், பாரிஸ் வீட்டுக்கு இளையவன் போகமாட்டான். இந்த நிலையில் றஜிதாவின் மகள் பள்ளிக்கூடத்தோடு பனிமலைக்குப் போய் ஒரு படம் அனுப்பினாள். வெள்ளை வெளேரென்ற சரிவு. அதில் ஒரு மரவீடு. சிமியோன் நெடுநேரம் பார்த்துவிட்டு, "உது ஆரின்ரை வீடு, பிள்ளை?" என்று கேட்டார்.

"ஒருத்தரின்ரையும் இல்லை அம்மப்பா. போறாக்கள் வாடகைக்கு எடுக்கிறது."

அன்றைக்கு அவர் கிழிந்த வலையைக் கொத்தித் தைக்கவில்லை என்று தங்கமுத்து சொன்னார். மறுநாள் என்னைக் கண்டதும் சிமியோன் தானாகவே தொடங்கினார்.

"ஒருத்தன்ரை வாசற்படியை மற்றவன் மிதிக்கான், தம்பி. ரெண்டுபேருக்கும் சொந்தமில்லாத வீடெண்டால்? ஆர் ஆரை வா எண்டு கூப்பிடுறது, ஆர் ஆரின்ரை சோத்தைத் தின்னுறது எண்டு ஒரு கதை வராதே."

முதலில் பேரப்பிள்ளைகளைப் பிடித்தார். அவர்களுக்குத் தமிழ் அரைகுறை, இவருக்கு அவர்களின் பாஷைகள் எதுவும் தெரியாது. ஆனாலும் 'ஸ்நோ' என்ற சொல் எல்லா நாட்டிலும் வேலை செய்தது. பாரிஸ் பேரன் தகப்பனைப் பிடுங்கத் தொடங்கினான். லண்டன் பேத்தி சாப்பிடமாட்டேன் என்றாள். பிறகு மூத்தவனுக்கு எடுத்து, "தம்பி ஓமெண்டிட்டான், நீதான் மிச்சம்" என்றார். இளையவனுக்கு எடுத்து, "கொண்ணை ஓமெண்டிட்டான், நீதான் மிச்சம்" என்றார். அந்த நேரத்தில் இருவருமே ஓமென்று சொல்லியிருக்கவில்லை. "பொய்யெல்லோ அண்ணை?" என்று தங்கமுத்து கேட்டபோது, "பின்னேரம் உண்மையாப் போச்சுத்தானே" என்றார்.

வீடு தேடியது றஜிதா. அவள் அனுப்பிய படங்களைச் சிமியோன் பெரிதாக்கிப் பார்த்து ஒவ்வொன்றாகத் தள்ளினார். சன்னலால் தெரியும் மலையையோ கணப்பு அடுப்பையோ அவர் பார்க்கவில்லை, சமையலறையைத்தான் பார்த்தார். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சிறு வீடுகள் கிடைக்கும், ஆளுக்கொன்றாக எடுத்தால் வசதி என்று அவள் சொன்னதும் குரல் ஏறியது.

"விசர்க் கதை கதையாதை. ரெண்டு குசினி இருந்தா ரெண்டு குடும்பம். எனக்கு ஒரு குசினிதான் வேணும். அதுவும் சின்னனா இருக்கோணும். ஒருத்தன் தேத்தண்ணி வைக்கப் போனா மற்றவனிலை இடிக்கோணும்."

எல்லைக்கு அருகே பிரான்சுப் பக்கத்து மலையொன்றில் அப்படியொரு வீட்டை றஜிதா கண்டுபிடித்தாள். புது வருடத்துக்கு என்று முடிவானது. அதற்குப் பிறகு சிமியோனின் வாயில் புதிய சொற்கள் வந்து குடியேறின. பிசிஆர், ஊசி அட்டை, தனிமைப்படுத்தல். எந்த ஊசியை எந்த நாடு ஏற்கிறது, பிள்ளைகளுக்கு எத்தனை வயதுவரை சோதனை வேண்டாம் என்று வாடிக்கு வருகிற எல்லோரிடமும் கேட்டார். கேள்விப்பட்டதில் பாதி பிழை. றஜிதா திருத்துவாள், அடுத்த நாள் அரசாங்கம் அவளைத் திருத்தும்.

கிறிஸ்மஸ் என்கிற நத்தாருக்கு ஒரு வாரம் இருக்கும்போது அது நடந்தது. பிரித்தானியாவில் புது வகைக் கொரோனா பரவியதால், அங்கிருந்து சுற்றுலாவுக்கு வருவோருக்குப் பிரான்ஸ் எல்லையை மூடியது. கடற்கரையில் வாடைக்காற்று ஊளையிட்டுக்கொண்டிருந்தது. ஒருவரும் தொழிலுக்குப் போகவில்லை. சிமியோன் வெறும் வாடிக்குள் இருந்து ஜெரிசனுக்கு எடுத்தார். அவன் குரல் ஆணியிலிருந்து கசப்பாக வந்தது.

"அண்ணைக்கு இப்ப சந்தோசமா இருக்கும்."

சிமியோன் எழுந்தே விட்டார். "எடேய், எல்லையை மூடினது உன்ரை கொண்ணையோ? அவன் அங்கை றெஸ்ரோறன்ரிலை கோப்பை கழுவி, சமைச்சு, இப்பதான் ஒரு கடை வைச்சிருக்கிறான். அவனைக் கேட்டே அந்த நாட்டை நடத்துறாங்கள்?"

"அண்ணை கடை வைச்சிருக்கிறாரோ?" என்று ஜெரிசன் கேட்டான். அவனுக்கு அது தெரியாது.

"ஓம். நீ கேட்டாத்தானே தெரியும்" என்று சொல்லிவிட்டு, சிமியோன் திரும்பக் குந்திக்கொண்டு தொடர்ந்தார். "கடல் அடிச்சா அடுத்த தண்ணிக்குப் போறதுதான் மோனை. புது வருசம் இல்லாட்டி வேறொரு நாள். நீ பிள்ளையளின்ரை ஸ்நோ உடுப்பை எடுத்து உள்ளுக்கை வைச்சுப் போடாதை."

தை நடுவில் எல்லை மீண்டும் திறந்தது. இப்போது சிக்கல் பள்ளிக்கூட விடுமுறை. மாசியில் லண்டனுக்கும் ஜெனீவாவுக்கும் ஒரே வாரத்தில் விடுமுறை. பாரிஸுக்கு அது முடிகிறபோதுதான் தொடங்குகிறது. மூன்று குடும்பமும் சேர்ந்து இருக்கக்கூடியது நடுவில் வருகிற ஒரு சனி ஞாயிறு மட்டும். இதற்காக எல்லாரையும் இழுக்கவேண்டுமா என்று றஜிதாவே தயங்கினாள். "சண்டை பிடிக்க ஒரு நிமிசம்தானே பிடிச்சது. உது போதும்" என்றார் சிமியோன்.

இதற்கிடையில் அவருக்கு ஒரு பொதி வந்தது. மகள் அனுப்பிய, பஞ்சு வைத்துத் தைத்த தடித்த குளிர்ச்சட்டை. அவரும் வரவேண்டும் என்பது மூன்று பிள்ளைகளின் ஆசை. விசாவுக்கு வேண்டிய கடிதங்களை றஜிதா எப்போதோ அனுப்பிவிட்டாள். கொழும்புக்குப் போய் விண்ணப்பித்துவிட்டு வருவதுதான் பாக்கி. அந்த நீலச் சட்டையைச் சிமியோன் விடியலில் தொழிலுக்குப் போகப் போட்டுக்கொண்டார். கழுத்துவரை இழுத்துப் பூட்டி, கீழே சாரத்தை மடித்துக்கட்டி அவர் படகைத் தள்ளுவதைப் பார்க்கத் தங்கமுத்து பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஒரு கிழமைக்குள் அது நண்டு மணக்கத் தொடங்கியது.

"விசா என்ன மாதிரி?" என்று நான் ஒருநாள் கேட்டேன்.

"பிள்ளையளுக்குக் கிடைக்கேல்லையெண்டு சொல்லியிருக்கிறன்."

"மறுத்துப்போட்டாங்களோ?"

வலையில் சிக்கிய சிறு நண்டொன்றை எடுத்துக் கடலுக்குள் எறிந்துவிட்டுச் சொன்னார். "நான் கேட்டாத்தானே மறுக்க. கொழும்புக்கு நான் போகேல்லை, தம்பி." கொஞ்சம் பொறுத்து, அவராகவே தொடர்ந்தார். "தாயைப் பற்றி ரெண்டுபேரும் என்னோடை கதைக்கிறாங்கள். மூத்தவனும் அழுறான், இளையவனும் அழுறான். எல்லாம் எனக்குத்தான். நான் அங்கை போய்க் குந்தினா அப்பவும் என்னோடைதான் கதைப்பாங்கள்."

"உங்களுக்குப் பேரப்பிள்ளையளைப் பாக்க ஆசை இல்லையோ?"

தங்கமுத்து என்னை முறைத்துப் பார்த்தார். நான் நண்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மாசி வந்தது. லண்டன் குடும்பமும் ஜெனீவாக் குடும்பமும் மலைக்குப் போய்ச் சேர்ந்தன. எமில்ராஜ் வெள்ளி இரவு பாரிஸிலிருந்து காரில் புறப்படுவதாகப் பேச்சு. வெள்ளி முழுவதும் சிமியோன் அவனுக்கு எடுத்தார், அவன் எடுக்கவில்லை. "கார் ஓடுறான் போலை" என்று எங்களுக்குச் சொன்னார். பிறகு, "கடையிலை சனமோ தெரியாது" என்றார். சனிக்கிழமை தொழிலுக்குப் போய்வந்தும் நண்டு கழற்ற அவருக்குக் கை வரவில்லை. இரண்டு நண்டுக்குக் கால் முறிந்தது. தங்கமுத்து அதைக் காணாததுபோல இருந்தார்.

பின்னேரம் நான் போனபோது சிமியோன் தனியே வலை கொத்திக்கொண்டிருந்தார். கைபேசி பையிலிருந்து வெளியே வந்து அவர் மடியில் கிடந்தது. அது மணியடித்தது. றஜிதா. இந்தமுறை படத்தோடு.

"அப்பா, ஒண்டும் சொல்லாமல் பாருங்கோ" என்று மெல்லிய குரலில் சொல்லிவிட்டுக் கைபேசியை மறுபக்கம் திருப்பினாள்.

திரை முழுவதும் கண் கூசுகிற வெள்ளை. தூரத்தில் இருவர். ஒரு கிழமையாகச் சறுக்கிப் பழகிய ஜெரிசன் பின்பக்கமாகச் சறுக்கிக்கொண்டு, தமையனின் இரண்டு கைகளையும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். எமில்ராஜ் முழங்காலை மடக்கி, உடம்பைக் கூனி, எங்கே விழப்போகிறோம் என்று காலையே பார்த்துக்கொண்டு வந்தான். விழுந்தான். தம்பியையும் இழுத்துக்கொண்டே விழுந்தான். இருவரும் எழும்பவில்லை. பனியில் அப்படியே கிடந்து ஏதோ பேசிக்கொண்டார்கள்.

"என்ன கதைக்கிறாங்கள்?" என்றார் சிமியோன். அவருக்கும் மெதுவாகப் பேச வரும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

"தெரியேல்லை அப்பா. விடிய வந்ததிலையிருந்து இப்பிடித்தான், விட்டு விட்டுக் கதைக்கினம்."

அதற்குள் பேரப்பிள்ளைகள் தொலைபேசியைக் கண்டுவிட்டார்கள். அம்மப்பா, அப்பப்பா என்று கூச்சல். மகன்மார் இருவரும் எழும்பிப் பனியைத் தட்டிக்கொண்டு ஓடிவந்தார்கள். சிவந்த மூக்குகளும் கம்பளித் தொப்பிகளுமாகத் திரை நிறைந்தது. "அப்பா, நான் சொல்லுறதைக் கேளுங்கோ" என்றான் மூத்தவன். "அப்பா, இவர் விழுந்ததைக் கண்டியளோ?" என்றான் இளையவன். ஒருவரையொருவர் தோளால் தள்ளிக்கொண்டு, இருவரும் தகப்பனையே பார்த்தார்கள்.

சிமியோன் ஒவ்வொரு முகமாகப் பார்த்து முடித்தார்.

"கேக்கேல்லை மோனை" என்றார். "இஞ்சை லைன் சரியில்லை. ஒண்டும் கேக்கேல்லை."

எனக்கு எல்லாமே தெளிவாகக் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் சிவப்புப் பொத்தானை அழுத்தினார். கைபேசியை வலையின்மேல் குப்புற வைத்தார். அது உடனே மறுபடி அடிக்கத் தொடங்கியது. அவர் எடுக்கவில்லை. அது அடித்து ஓயும்வரை, அதிர்ந்துகொண்டிருந்த அதன் முதுகின்மேல் உள்ளங்கையை வைத்தபடியே இருந்தார்.